மே மாசம் ஹைகோர்ட்டே லீவு அண்ணாச்சி

போன வாரம் அம்பாசமுத்திரத்துல இருந்து ஒரு அண்ணாச்சி என்கிட்ட யோசனை கேக்க வந்திருந்தாங்க. பலசரக்குக் கடை வச்சிருக்காங்க, மக நெல்லை அரசு சட்டக் கல்லூரியில அஞ்சு வருஷ கோர்ஸ், இப்போ மூணாவது வருஷம். கையில ஒரு கடை நோட்டு, அதுல சென்னை மச்சினர் போன்ல சொன்னதெல்லாம் வரிசையா எழுதியிருந்தாங்க. ஹைகோர்ட்ல ஒரு பெரிய சீனியர் ஆபீஸ்ல சம்மர் இன்டர்ன்ஷிப், ஏப்ரல் கடைசியில இருந்து ரெண்டு மாசம், லேடீஸ் ஹாஸ்டல், சாப்பாடு, கோட்டு, ஷூ, புது லேப்டாப்னு கூட்டிப் பார்த்தா 70 ஆயிரத்துக்கு மேல வருது. "வீட்ல வளையல் ரெண்டை வச்சிரலாம்னு இருக்கேன் சார், இல்லன்னா பாப்பா மத்தவங்களை விட பின்தங்கிரும்லா"ன்னாங்க. பாப்பா பக்கத்துல உக்காந்து வாயே திறக்கல.

நானும் வழக்கம் போல கவலைப்படாதீங்கன்னுதான் ஆரம்பிச்சேன், ஆனா அந்த நோட்டைப் படிச்சு முடிச்சதும் ஆறுதல் சொல்ற மூடே போயிருச்சு.

அண்ணாச்சி, மே மாசம் மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்குக் கோடை விடுமுறை. மதுரை பெஞ்சும் அதே கதைதான். அவசர வழக்குக்கு மட்டும் விடுமுறைக் கால நீதிபதிகள் உக்காருவாங்க, அவ்ளோதான். உங்க மச்சினர் சொல்ற சீனியரே அப்போ கொடைக்கானல்ல இருப்பாரு. பாப்பா போய் ஆபீஸ்ல பழைய ஃபைலை ஸ்கேன் பண்ணிட்டு, மதியம் கேன்டீன்ல உக்காந்து இன்ஸ்டாகிராம்ல கோட்டு போட்ட போட்டோ போடும். இப்படி ஒரு பையனை நானே பார்த்தேன், நாலு வாரம் முடிச்சுட்டு வந்தான், கட்சிக்காரர் வக்கீலுக்கு எழுதிக் குடுக்குற வக்காலத்து எப்படி இருக்கும்னு கேட்டா தெரியல, அந்த ஆபீஸ் பிரின்டர் எங்க ஜாம் ஆகும்னு மட்டும் நல்லா தெரியுது.

அடுத்தது அந்த ரெண்டு மாசம். பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவோட 2008 சட்டக் கல்வி விதிகள்ல தெளிவா இருக்கு, அஞ்சு வருஷ கோர்ஸுக்கு மொத்தம் 20 வாரம் இன்டர்ன்ஷிப் (மூணு வருஷம்னா 12), ஒரு வருஷத்துல தொடர்ச்சியா நாலு வாரத்துக்கு மேல கூடாது. அப்போ மீதி நாலு வாரம் எதுக்கு? ஹாஸ்டல் வாடகை கட்டுறதுக்கா?

பாப்பாவோட பெரியப்பா பையன் மும்பை கார்ப்பரேட் ஃபர்ம்ல சேரச் சொன்னானாம், அதைப் பத்தி நான் அதிகம் பேசப்போறதில்ல. நேஷனல் லா ஸ்கூல் பசங்க பல மாசம் முன்னாடியே இடம் பிடிச்சு வச்சிடுறாங்க, பாப்பாவுக்கு அதுல ஆசையும் இல்ல. காசு கட்டினா இன்டர்ன்ஷிப் சர்டிபிகேட் தர்றோம்னு வாட்ஸ்அப்ல வர்றதுக்கு ஒரு பைசா குடுக்காதீங்க. வேலை பார்க்கப் போற பிள்ளை எதுக்கு அண்ணாச்சி காசு கட்டணும்? இதுல நான் இறங்கி வரவே மாட்டேன்.

அப்புறம் அண்ணாச்சியை டீ குடிச்சுட்டு வாங்கன்னு அனுப்பிட்டு பாப்பாகிட்ட பேசினேன். கடையில மூட்டை தூக்குறவரோட தம்பியை ஒரு திருட்டுக் கேஸ்ல உள்ள வச்சப்போ, அவங்க அம்மாவுக்குத் துணையா மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுக்குப் போனது இந்தப் பொண்ணுதான். யார்கிட்ட கேக்கணும், எங்க நிக்கணும்னே தெரியாம அந்த அம்மா வராண்டாவுல நின்னதை மூச்சு விடாம கால் மணி நேரம் சொல்லுச்சு. அப்பா முன்னாடி பேசாத பொண்ணு! சென்னை ஆபீஸ் பத்திக் கேட்டா "மாமா சொல்றாங்க"ன்னு ரெண்டே வார்த்தை.

அதனால நான் சொன்னது, இலவச சட்ட உதவி குடுக்குற மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. ஒவ்வொரு மாவட்டக் கோர்ட்லயும் இருக்கு, நம்மாளுங்க கண்ணுலயே படாது. 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்துல வந்தது, மாவட்ட நீதிபதிதான் தலைவர், தினசரி வேலையைப் பார்க்குற செகரட்டரியும் ஒரு நீதிபதிதான். மச்சினர் சிபாரிசு பண்ற ஆபீஸ்ல சீனியர் முகத்தையே வாரத்துக்கு ஒருதடவைதான் பார்க்கலாம், இங்க ஒரு நீதிபதிக்குக் கீழ நேரா வேலை பார்க்கலாம்னா சும்மாவா?

என்ன வேலைன்னு கேட்டீங்கன்னா, இலவசமா வக்கீல் வேணும்னு வர்றவங்க சொல்றதைக் கேட்டு மனுவா எழுதுறது முதல் வேலை. பெண்கள், குழந்தைங்க, காவல்ல இருக்குறவங்க, எஸ்சி எஸ்டி மக்கள், இவங்களுக்கெல்லாம் வருமானமே பார்க்காம வக்கீல் குடுக்கணும்னு அந்தச் சட்டத்தோட 12ஆவது பிரிவு சொல்லுது, அது வந்து உக்காந்திருக்குற அந்த அம்மாவுக்கே தெரியாது, அதை எடுத்துச் சொல்றதே பாதி வேலை. ரெண்டு தரப்பையும் பேச வச்சு முடிக்கிற லோக் அதாலத் நடந்தா விபத்து இழப்பீடு, செக் பவுன்ஸ் கேஸ் எல்லாம் எப்படிப் பேசி முடிக்கிறாங்கன்னு பக்கத்துல இருந்து பார்க்கலாம். அங்க முடிஞ்சா கோர்ட் தீர்ப்பு மாதிரி, அப்பீல் கிடையாது, கட்டின கோர்ட் ஃபீஸும் திரும்பக் கிடைக்கும்.

ஆனா பாப்பாவுக்கான இடம் ஜெயில் பக்கம். மே மாசம் சிவில் கோர்ட் மூடினாலும் ரிமாண்ட் நிக்காது, பாளையங்கோட்டை மத்திய சிறைக்கு லீவு கிடையாது. செகரட்டரி அனுமதிச்சா விசாரணைக் கைதிகள் பட்டியலை வச்சு நாள் எண்ணுற வேலையில உதவி பண்ணலாம். திருட்டுக் கேஸ்ல 60 நாளுக்குள்ள போலீஸ் சார்ஜ் ஷீட் போடலன்னா ஜாமீன் கேக்குறது உரிமை, ஆனா சார்ஜ் ஷீட் வந்து விழறதுக்கு முன்னாடி மனு போட்டிருக்கணும், ஒரு நாள் தப்பினா போச்சு. ரிமாண்ட் பண்ண நாளையும் சேர்த்து எண்ணணும்னு 2023ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருக்கு. அதே மாதிரி புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ் 479ஆவது பிரிவுல, இதுக்கு முன்னாடி எந்தக் கேஸ்லயும் தண்டனை வாங்காதவன் அந்தக் குற்றத்துக்கு உள்ள அதிகபட்ச தண்டனையில மூணுல ஒரு பங்கு உள்ளயே கழிச்சிட்டா விடணும். சாதாரணத் திருட்டுக்கு மூணு வருஷம்னா ஒரு வருஷத்துல வெளிய வரணும், வேற கேஸ் நிலுவையில இருந்தா மட்டும் பொருந்தாது. இதைக் கவனிச்சு கோர்ட்டுக்கு எழுத வேண்டியது ஜெயில் சூப்பிரண்டோட கடமைன்னும் அதுலயே இருக்கு. இந்தக் கணக்கை நாலு வாரம் நோட்டுப் போட்டுப் பார்த்த பிள்ளைக்கு கிரிமினல் பிராக்டீஸ்னா என்னன்னு புரிஞ்சிரும்.

இங்கிலீஷ் தடுமாறுதேன்னு அண்ணாச்சிக்கு ஒரு பயம். கீழ்க்கோர்ட்ல எஃப்ஐஆர் தமிழ், சாட்சி தமிழ், வர்ற ஜனம் தமிழ். பாப்பாவுக்கு தமிழ் டைப்பிங் வேற தெரியுமாம், அது போதும். கடிதத்துல முதல்ல அதைத்தான் எழுதச் சொன்னேன்: எந்த வருஷம், எந்த நாலு வாரம், தமிழ்ல மனு டைப் அடிக்கத் தெரியும், ஜெயில் சட்ட உதவி வேலை பார்க்க விருப்பம். ஒரு பக்கம் தாண்டக் கூடாது. பிரின்சிபால் கையெழுத்துப் போட்ட கடிதமும் ஐடி கார்டு நகலும் சேர்த்து மார்ச்லயே நேர்ல குடுக்கணும், ஏன்னா செகரட்டரியும் மே மாசம் கொஞ்ச நாள் லீவு எடுக்கலாம். காலேஜ்ல இந்த நாலு வாரம் கணக்குல வருமான்னு முதல்லயே கேட்டு எழுத்துல வாங்கிக்கணும், தினமும் டைரி எழுதணும். இடம் இல்லன்னு சொல்லிட்டா அம்பாசமுத்திரம் கோர்ட்ல வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கு, அங்க கேளுங்க. வக்கீல்கிட்டயும் படிப்பு முடியுறதுக்குள்ள ஒரு தடவையாவது இன்டர்ன்ஷிப் பண்ணியே ஆகணும், அது விதி, ஆனா அதை கோர்ட் திறந்திருக்குற டிசம்பர் பக்கம் வச்சுக்கலாமே.

சம்பளம் எதிர்பார்க்காதீங்க. 2024ல ஹைகோர்ட் சொல்லி வந்த 15 ஆயிரம், 20 ஆயிரம் உதவித்தொகை படிப்பை முடிச்சு வக்கீலா பதிவு பண்ண ஜூனியர்களுக்கு, படிக்கிறவங்களுக்குக் கிடையாது. செலவும் பஸ் டிக்கெட், மதியச் சாப்பாடு, ஒரு கறுப்புக் கோட்டு, அவ்ளோதான், கோட்டையும் சீனியர் அக்கா யார்கிட்டயாவது கடன் வாங்கலாம்.

"மச்சினர் கோச்சுக்குவாரே சார், ஜட்ஜ் பரிச்சைக்கு ஹைகோர்ட் பேரு வேணும்ங்காரே"ன்னாங்க கடைசியில. சிவில் ஜட்ஜ் பரிச்சை எழுத மூணு வருஷம் பிராக்டீஸ் வேணும்னு 2025 மே மாசம் சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு, அந்த மூணு வருஷ வழியில மூணாவது வருஷ இன்டர்ன்ஷிப் எந்த ஆபீஸ்லன்னு யாரும் கேக்கப் போறதில்ல. மச்சினருக்கு நானே போன் பண்றேன்னு நம்பர் வாங்கிக்கிட்டேன். திங்கட்கிழமை பிரின்சிபால் கடிதம் வாங்க பாப்பாவே போகட்டும் அண்ணாச்சி, நீங்க கடையைத் திறங்க.