கணினி கேள்வி–பதில்: அப்பா எழுதிய குறிப்புகள் புதிய மென்பொருளுக்கு வந்து சேருமா?

கேள்வி: அப்பா காலமாகி ஓராண்டு ஆகிறது. அவருடைய கணினியில், பிகாஸா என்ற கூகுளின் பழைய புகைப்பட மென்பொருளில், பல வருடப் புகைப்படங்கள் இருக்கின்றன. நிறையப் படங்களுக்குக் கீழே யார் யார் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். என் மடிக்கணினியில் லைட்ரூம் என்ற புகைப்பட மென்பொருளின் கேட்டலாக் (படப் பட்டியல்) ஒன்று, என் கணவருடைய கணினியில் இன்னொன்று. கூகுள் போட்டோஸிலிருந்து இறக்கி வைத்த தொகுப்பு தனி. போதாததற்கு, எது எதனுடைய நகல் என்றே தெரியாத ஒரு ஹார்ட் டிஸ்க். எல்லாவற்றையும் டிஜிகாம் என்ற புகைப்பட மென்பொருளுக்கு மாற்றிவிட நினைக்கிறோம். மொத்தத்தையும் அதில் சேர்த்துவிட்டு, பிறகு நிதானமாக ஒழுங்குபடுத்திக்கொள்ளலாமா?
– ஒரு வாசகி

பதில்: அப்படிச் செய்யாதீர்கள். நிதானம் இப்போதுதான் வேண்டும், மாறிய பிறகு அல்ல.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எந்த மென்பொருளுக்கு மாறினாலும் படங்கள் வந்துவிடும். படங்களைப் பற்றி நீங்களும் அப்பாவும் சொல்லி வைத்தவை எல்லாமே வந்துவிடும் என்று சொல்ல முடியாது. அவற்றில் சில படக் கோப்புக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். சில, பழைய மென்பொருளின் சொந்தக் குறிப்பேட்டில் மட்டும் இருக்கும். அந்தக் குறிப்பேட்டை ஒழுங்காகப் படிக்கத் தெரிந்தது அந்தப் பழைய மென்பொருள் ஒன்றுதான். அது இயங்கிக்கொண்டிருக்கும்போதே உள்ளே இருப்பதையெல்லாம் படங்களுக்குள் எழுத வைத்துவிட வேண்டும். ஒன்றுசேர்ப்பது அதற்குப் பிறகு.

எதையும் தொடுவதற்கு முன்னால் எல்லா இடங்களையும் அப்படியே ஒரு பெரிய ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து, அதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுங்கள். கோப்புறைகளை முழுதாக நகலெடுங்கள். படங்களை மட்டும் தேர்ந்தெடுத்து இழுத்துப் போட்டால் மறைந்திருக்கும் கோப்புகள் விட்டுப்போகும். பிகாஸாவில் அந்த மறைந்த கோப்புகள்தான் முக்கியம்.

முதலில் அப்பாவின் கணினியை எடுத்துக்கொள்ளுங்கள். பிகாஸாவுக்கான ஆதரவைக் கூகுள் 2016 மார்ச்சில் நிறுத்திவிட்டது. ஆனாலும் ஏற்கெனவே நிறுவப்பட்டிருக்கும் கணினியில் அது தொடர்ந்து இயங்கும். அதனால் அந்தக் கணினியை இப்போதைக்கு அழிக்கவோ, யாருக்கும் கொடுக்கவோ வேண்டாம். உங்களுக்கு ஒரு நல்ல செய்தி: ஜேபெக் (வழக்கமான .jpg வகை) படங்களின் கீழே அப்பா எழுதிய விளக்கங்களைப் பிகாஸா அந்தந்தப் படக் கோப்புக்குள்ளேயே எழுதியிருக்கும். குறிச்சொற்களும் (படத்தைத் தேடி எடுக்க அதோடு சேர்க்கும் சிறு சொற்கள்) அப்படித்தான். டிஜிகாம் அவற்றைப் படித்துக்கொள்ளும். ஆனால் அவர் நட்சத்திரம் இட்டுத் தேர்ந்தெடுத்த படங்கள் எவை, எந்த ஆல்பத்தில் எதைச் சேர்த்தார் என்பவை கோப்புறைக்குள் மறைந்திருக்கும் ‘பிகாஸா ஐஎன்ஐ’ கோப்பிலும் பிகாஸாவின் தரவுத்தளத்திலும் இருக்கும். படத்தில் இருக்காது.

இதற்கு எளிய வழி உண்டு. நட்சத்திரம் இட்ட படங்களை மட்டும் வடிகட்டி, மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, ‘அப்பா தேர்வு’ என்று ஒரு குறிச்சொல் கொடுத்துவிடுங்கள். ஒவ்வோர் ஆல்பத்தையும் திறந்து, அதிலுள்ள எல்லாப் படங்களுக்கும் அந்த ஆல்பத்தின் பெயரையே குறிச்சொல்லாகக் கொடுங்கள். குறிச்சொல் கோப்புக்குள் போகும். எந்த மென்பொருளுக்குப் போனாலும் கூடவே வரும். முகங்களுக்குப் பெயர் கொடுத்திருந்தால், பிகாஸா 3.9 பதிப்பின் அமைப்புகளில் பெயர்களைப் புகைப்படத்திலேயே சேமிப்பதற்கான தெரிவு இருக்கிறது. அதை இயக்குங்கள். அதைச் செய்யாவிட்டால், அப்பா ஒவ்வொரு முகமாக அடையாளம் கண்டு எழுதிய பெயர்கள் அந்தக் கணினியோடு நின்றுவிடும். அவற்றை மறுபடி எழுத இப்போது அவர் இல்லை. இந்த ஒரு வேலைக்காக எத்தனை நாள் செலவானாலும் தகும்.

பிகாஸாவில் செய்த வெட்டுதல், நேராக்குதல், நிறத் திருத்தங்கள் ஆகியவையும் ‘சேமி’ கொடுக்கும்வரை படத்தில் ஏறாது. திரையில் திருத்திய படம் தெரியும், கோப்பில் பழைய படமே இருக்கும். அப்பா திருத்தியது உங்களுக்கு வேண்டுமென்றால் பிகாஸாவிலேயே சேமியுங்கள். மூலப்படத்தை அது ‘பிகாஸா ஒரிஜினல்ஸ்’ என்ற மறைந்த கோப்புறைக்கு நகர்த்தி வைக்கும். பின்னால் ஒரே படம் இரண்டு முறை தென்பட்டால், இதுதான் காரணமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது இரண்டு லைட்ரூம் கேட்டலாக்குகள். கேட்டலாக்கில் படங்கள் இல்லை. எந்தப் படம் எந்த இடத்தில் இருக்கிறது, அதற்கு என்ன செய்தீர்கள் என்ற பதிவுதான் அது. ஆகவே இந்தக் கட்டம் முடியும்வரை, லைட்ரூமுக்கு வெளியே எந்தக் கோப்புறையையும் நகர்த்தாதீர்கள், பெயர் மாற்றாதீர்கள். உங்கள் இருவருடைய கேட்டலாக்குகளில் பெரியதைத் திறந்து, ‘இன்னொரு கேட்டலாக்கிலிருந்து இறக்குமதி’ என்ற கட்டளையால் சிறியதை அதில் சேருங்கள். இரண்டிலும் இருக்கும் படங்களை என்ன செய்வது என்று அது கேட்கும். பழைய அமைப்புகளை ‘மெய்நிகர் நகலாக’ (படக் கோப்பை இரட்டிப்பாக்காமல், திருத்தங்களை மட்டும் இன்னொரு பதிவாக) வைத்துக்கொள்ளும் தெரிவும் அங்கேயே இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் இருவருடைய திருத்தமும் தப்பும்.

பிறகு, அப்பாவின் ஆல்பங்களுக்குச் செய்ததையே உங்கள் ‘கலெக்‌ஷன்’களுக்கும் செய்யுங்கள். கலெக்‌ஷன் என்ற படத்தொகுப்பு கேட்டலாக்குக்குள் மட்டும் வாழ்வது. குறிச்சொல்லாக மாற்றினால்தான் வெளியே வரும். அது முடிந்ததும் எல்லாப் படங்களையும் தேர்ந்தெடுத்து ‘மெட்டாடேட்டாவைக் கோப்பில் சேமி’ கொடுங்கள். மெட்டாடேட்டா என்பது படத்தைப் பற்றிய விவரங்கள். ஜேபெக் என்றால் உள்ளேயே எழுதும். கேமராவின் ரா கோப்பு (கேமரா பதிந்த, பதப்படுத்தாத மூலம்) என்றால், பக்கத்தில் அதே பெயரில் எக்ஸ்எம்பி என்ற துணைக் கோப்பை உருவாக்கி விவரங்களை அதில் எழுதும். லைட்ரூமில் செய்த வண்ணத் திருத்தங்களை டிஜிகாம் அப்படியே காட்டாது. எனவே முழுமையாகத் திருத்தி முடித்த ரா படங்களுக்குத் தரமான ஜேபெக் அல்லது டிஃப் நகல் ஒன்றை ஏற்றுமதி செய்து, மூலத்தின் பக்கத்திலேயே வையுங்கள். மெய்நிகர் நகல்களும் கேட்டலாக்குக்குள் மட்டுமே இருப்பவை. தேவையானவற்றை இதேபோல் வெளியே எடுத்துவிடுங்கள்.

கூகுளிலிருந்து இறக்கியதில் பல ஜிப் கோப்புகள் இருக்கும். அவை எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் விரியுங்கள். ஒரு ஜிப்பில் படமும் வேறொரு ஜிப்பில் அதற்குரிய விவரங்கள் உள்ள ஜேசன் கோப்பும் இருப்பது சாதாரணம். கேமரா எழுதிய எக்ஸிஃப் விவரம் (எடுத்த தேதி, நேரம் போன்றவை) படத்திலேயே இருக்கும். நீங்கள் கூகுளில் திருத்திய தேதியும் எழுதிய விளக்கமும் ஜேசனில் மட்டும் இருக்கும். அவற்றைப் படத்துக்குள் ஏற்ற ஃபில் ஹார்வி எழுதிய எக்ஸிஃப்டூல் என்ற இலவசக் கருவி உதவும். கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்குவது என்பதால் பழக்கமுள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்வது நல்லது.

இப்போது எல்லாவற்றையும் ஒரே டிஸ்க்கில் சேருங்கள். ‘அப்பா’, ‘லைட்ரூம்’, ‘கூகுள்’, ‘பழைய டிஸ்க்’ என்று வந்த இடத்தின் பெயரிலேயே தனித்தனிக் கோப்புறையாக வையுங்கள். அவசரப்பட்டு வருடவாரியாகக் கலக்க வேண்டாம். எங்கிருந்து வந்தது என்பதே ஒரு தகவல்.

இரட்டைப் படங்களுக்கு வருகிறேன். ஆபத்து அதிகமுள்ள கட்டம் இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒரு பைட்டும் பிசகாமல் ஒன்றுபோல் இருக்கும் கோப்புகளை ‘ஹாஷ்’ (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) முறையில் கண்டுபிடிக்கும் மென்பொருள்கள் உண்டு. அவை காட்டும் இரட்டைகளில் ஒன்றை நீக்குவதில் பயமில்லை. ஆனால் உங்கள் நிலையை யோசித்துப் பாருங்கள். அப்பாவின் கணினியில் ஒரு குழுப்படம் இருக்கிறது. அதில் அவர் விளக்கம் எழுதியிருக்கிறார்: ‘இடமிருந்து மூன்றாவது, பெரியம்மாவின் தோழி’. அதே படத்தின் நகல், விளக்கம் எழுதுவதற்கு முன்னால் எடுத்தது, அந்தப் பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். விளக்கம் சேர்ந்ததால் கோப்பு மாறிவிட்டது, ஹாஷும் மாறிவிட்டது. ஹாஷ் முறை இரண்டையும் வெவ்வேறு என்று சொல்லி விட்டுவிடும், படம் பிழைக்கும். ‘பார்வைக்கு ஒத்த படங்களைத் தேடித் தானாக நீக்கு’ என்று வேறொரு மென்பொருளிடம் கொடுத்தால், எது பழையது, எது பெரியது என்று தன் கணக்குப்படி ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கும். நீங்கியது விளக்கம் உள்ள படமாக இருந்தால், அந்தத் தோழி யார் என்று சொல்ல உங்கள் வீட்டில் இனி யாரும் இல்லை.

ஆகவே ஹாஷ் ஒத்துப்போனவற்றை மட்டும் மொத்தமாக நீக்குங்கள். பார்வைக்கு ஒத்தவற்றை டிஜிகாமுக்குள் போன பிறகு, அதன் ஒப்புமைத் தேடலில், விளக்கத்தையும் பக்கத்தில் பார்த்துக்கொண்டு, ஒவ்வொன்றாக முடிவு செய்யுங்கள். வாட்ஸ்அப் வழியாக வந்தவை சுருங்கியிருக்கும், எக்ஸிஃப் தேதியும் போயிருக்கும். அதே படத்தின் மூலப்பிரதி கிடைத்தால் அதை வையுங்கள். சிறிய நகலில் விளக்கமும் பெரிய நகலில் தெளிவும் இருந்தால், முதலில் விளக்கத்தைப் பெரியதற்கு மாற்றிவிட்டு அப்புறம் சிறியதை நீக்குங்கள்.

டிஜிகாமில் நுழையும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. மெட்டாடேட்டா அமைப்பில், துணைக் கோப்புகளைப் படிக்கும் தெரிவை இயக்க வேண்டும். டிஜிகாம் தன் துணைக் கோப்புக்குப் படத்தின் முழுப்பெயரையும் ‘.jpg’ போன்ற பின்னொட்டோடு சேர்த்து வைக்கும்; லைட்ரூம் பின்னொட்டை விட்டுவிட்டு வைக்கும். வணிக மென்பொருள்களுடன் பொருந்தும் பெயர்முறை என்று ஒரு தெரிவு அங்கேயே இருக்கிறது. அதைக் குறிக்காவிட்டால் உங்கள் ரா படங்களின் நட்சத்திரமும் குறிச்சொல்லும் வரவில்லை என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். இரண்டாவது, முதலில் ஐம்பது படங்களை மட்டும் சேர்த்துப் பாருங்கள். நான்கு கோப்புறைகளிலிருந்தும், விளக்கம் உள்ளது, முகப்பெயர் உள்ளது, ரா, ஜேபெக் என்று கலந்து எடுங்கள். அப்பா தமிழில் எழுதியிருந்தால் எழுத்துகள் சிதையாமல் வருகின்றனவா என்று கட்டாயம் பாருங்கள். அந்த ஐம்பதும் சரியாக வந்த பிறகு மற்றவற்றைச் சேருங்கள்.

கேள்வி: ஒரே நிகழ்ச்சியை என் கேமராவிலும் தம்பியின் தொலைபேசியிலும் எடுத்தோம். ஒன்றுசேர்த்துத் தேதிவாரியாக அடுக்கினால், முடிவில் நடந்தது முதலில் வருகிறது. ஒவ்வொரு படமாகத் திருத்த வேண்டுமா?

பதில்: தேவையில்லை. கேமராவின் கடிகாரம் தவறாக இருந்தால் எல்லாப் படங்களிலும் ஒரே அளவுதான் தவறியிருக்கும். இரண்டு கருவிகளிலும் பதிவான ஒரே கணத்தைத் தேடுங்கள். கேக் வெட்டும் கணம் போல ஏதாவது கிடைக்கும். இரண்டு நேரங்களுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டு, கேமராவின் படங்கள் அனைத்தையும் மொத்தமாக அவ்வளவு நேரம் நகர்த்துங்கள். லைட்ரூமிலும் டிஜிகாமிலும் இதற்கு வசதி இருக்கிறது. தொலைபேசியின் நேரம் வலையமைப்பிலிருந்து வருவதால் அதையே அளவுகோலாக வையுங்கள். வெளிநாட்டுப் பயணப் படங்களில் வித்தியாசம் மணிக்கணக்கில் இருக்கும், ஏனென்றால் தொலைபேசி தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறும், கேமராவை நாம்தான் மாற்ற வேண்டும். நேர மண்டலத்தைக் குறிக்கும் இடமே எக்ஸிஃப் தரநிலையில் 2016இல்தான் சேர்க்கப்பட்டது. அதற்கு முந்தைய கேமராப் படங்களில் அந்த விவரத்தைத் தேடிப் பயனில்லை.

கேள்வி: ஒன்றுசேர்க்கும்போது ‘ஐஎம்ஜி 0231’ என்ற பெயரில் பல வேறு படங்கள் வருகின்றன. எல்லாவற்றுக்கும் புதிய பெயர் வைத்துவிடலாமா?

பதில்: வைக்கலாம். கேமராக்கள் 0001 முதல் 9999 வரை எண்ணிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவதால் இந்த மோதல் வரத்தான் செய்யும். ‘மாற்றி எழுதவா?’ என்று கணினி கேட்டால் ஒருபோதும் ஆம் என்று சொல்லாதீர்கள். எடுத்த தேதியும் நேரமும் முன்னால், பழைய பெயர் பின்னால் இருக்கட்டும்: ‘20140612–183005–ஐஎம்ஜி 0231’ என்பதுபோல. பழைய பெயரை விட்டுவிட்டால், பிறகு காப்பு நகலில் அதே படத்தைத் தேடுவது கடினம். நேரத்தைத் திருத்திய பிறகே பெயர் மாற்றுங்கள். மாற்றும்போது ராவும், அதன் ஜேபெக்கும், எக்ஸ்எம்பியும் சேர்ந்தே மாற வேண்டும். ஆகவே விண்டோஸ் கோப்புறையில் செய்யாமல் புகைப்பட மென்பொருளுக்குள்ளேயே செய்யுங்கள்.