முதலில் படகு, பிறகு கோபுரம்

டுபாயில் 2006 முதல் 2022 வரை வீட்டு வேலை செய்து ஊர் திரும்பியவள் நான். சென்ற இதழில் அந்த வருடங்களைப் பற்றிக் கொஞ்சம் எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பாதி, அங்கே சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுடையது. இம்முறை அவற்றை எடுத்துக்கொள்கிறேன்.

அக்கா, நண்பர்கள் மூன்று பேர் மார்ச் மாதம் நான்கு நாளைக்கு டுபாய் போகிறோம். புர்ஜ் கலிஃபாவில் ஏற டிக்கட் விலை அதிகமாக இருக்கிறது. ஏறித்தான் ஆக வேண்டுமா?
*ஒரு வாசகர், பண்டாரவளை*

ஒரு தடவை ஏறுங்கள் தம்பி. ஆனால் உச்சிக்குப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். கட்டடத்தின் உயரம் 828 மீட்டர். சாதாரண டிக்கட்டுக்கு விடுவது 124, 125ஆம் மாடிகளுக்கு. 148ஆம் மாடிக்கு இன்னும் கூடிய விலை. சூரியன் இறங்கும் நேரத்து டிக்கட் எப்போதும் விலை ஏறித்தான் இருக்கும். காலை நேரம் பார்த்து முன்கூட்டியே இணையத்தில் எடுத்தால் சல்லி மிஞ்சும்.

ஒன்று சொல்கிறேன். உங்கள் பண்டாரவளை கடல் மட்டத்திலிருந்து சுமார் 1200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்தக் கோபுரம் நிற்பது கடலோர மணலில். அதன் ஊசி முனையே உங்கள் வீட்டு வாசலுக்குக் கீழேதான் வரும். அதனால் உயரம் நமக்குப் புதிதில்லை. மேலே நின்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை என்ற ஒன்றே கண்ணில் படாத மணல், நடுவில் கோடு கிழித்த மாதிரி ஷேக் சாயிட் வீதி. இவ்வளவு பெரிய ஊரை இந்த மணலில் எப்படிக் கட்டினார்கள் என்று அங்கே நின்றால் தோன்றும். அதற்காக ஏறலாம்.

அது திறந்தது 2010 ஜனவரி 4ஆம் திகதி. அதுவரை எல்லோரும் ‘புர்ஜ் டுபாய்’ என்றுதான் சொன்னோம். அன்று இரவுதான் ஜனாதிபதி ஷேக் கலிஃபாவின் பெயரை வைத்தார்கள். நான் வேலை செய்த வீட்டின் மொட்டை மாடியில் பிள்ளைகளைத் தூக்கி வைத்துக்கொண்டு வாணவேடிக்கை பார்த்தேன். அடிவாரத்தில் கிரேன்கள் நின்ற காலத்திலிருந்து பார்த்து வந்த கட்டடம் என்பதால் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நான்கு நாளில் வேறு என்ன பார்க்கலாம்? கடலுக்குள் ஈச்சமர உருவத்தில் கட்டிய பாம் ஜுமேரா தீவுக்கு வீணாக அலையாதீர்கள். அந்த உருவம் உயரத்திலிருந்து பார்த்தால்தான் தெரியும். தரையில் நின்றால் அது ஹோட்டல்கள் நிறைந்த ஒரு ரோடு. பாய்மரம் போல நிற்கும் புர்ஜ் அல் அரபை (1999இல் திறந்தது, 321 மீட்டர்) பக்கத்துப் பொதுக் கடற்கரையிலிருந்து பின்னேரத்தில் பாருங்கள், காசில்லை. அரபு எழுத்தே ஜன்னல்களாக வெட்டிய ‘எதிர்கால அருங்காட்சியகம்’ 2022இல் திறந்தது. என் கண்ணுக்கு உள்ளே இருப்பதைவிட வெளிப்புறமே அழகு. அது மெட்ரோவிலிருந்தே தெரியும். பாலைவன சஃபாரிக்குக் கட்டாயம் போங்கள். மணலுக்குள் இறங்குவதற்கு முன் சாரதி நான்கு டயரிலும் காற்றைக் குறைப்பார். டயர் அகன்று மணலைப் பற்றிக்கொள்ளும், புதையாது. லஹ்பாப் பக்கத்து மணல் செம்மண் நிறம். பின்னேர வெயிலில் நம் தோட்டத்து மண்பாதை மாதிரியே இருக்கும்.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் முதல் நாள் காலையில் கழிமுகத்துக்குப் போய்விடுங்கள். ஏன் என்று கீழே ஒரு அம்மாவுக்கு விரிவாக எழுதியிருக்கிறேன்.

டுபாயில் ஐஸ் மழை பெய்கிற இடம் இருக்கிறதாம், பாலைவனத்தில் பூந்தோட்டமும் இருக்கிறதாம். உண்மையா?
*ஒரு மாணவி, பதுளை*

இரண்டும் உண்மை தங்கம். ஸ்கி டுபாய் என்பது ஒரு பெரிய கடைத்தொகுதிக்குள் 2005இல் திறந்த பனிச்சறுக்கு இடம். உள்ளே குளிர் பூச்சியத்துக்கும் கீழே. குளிர்ச் சட்டையை அவர்களே தருவார்கள். பென்குயின் பறவைகளும் உண்டு. நுவரெலியாவில் தை மாத விடியற்காலையில் புல் வெள்ளையாகக் கிடப்பதை நீங்கள் பார்த்திருந்தால், அதை ஒரு மண்டபம் முழுக்கக் கொட்டி வைத்த மாதிரி.

பூந்தோட்டத்தின் பெயர் மிராக்கிள் கார்டன். 2013 பெப்ரவரி 14ஆம் திகதி திறந்தது. ஒரு பெரிய விமானத்தையே பூவால் மூடி வைத்திருப்பார்கள். பாவித்துக் கழித்த நீரைச் சுத்திகரித்து, குழாய் வழியே வேரில் சொட்டுச் சொட்டாக விடுகிறார்கள். டுபாயில் குடிக்கிற தண்ணீரும் கடல்நீரில் உப்பை நீக்கி எடுத்ததுதான். வெயில் காலம் முழுக்கத் தோட்டத்தை மூடிவிடுவார்கள். ஆகஸ்டில் நாற்பது பாகைக்கு மேல் வெயில் அடிக்கும்போது எந்தப் பூ நிற்கும்? நம் ஹக்கலைப் பூந்தோட்டத்தில் மழையே தண்ணீர் ஊற்றுகிறது. டுபாயில் ஒவ்வொரு சொட்டும் ஒரு மனிதன் கொண்டுவந்தது.

ஏஜென்சி ஒருவர் சுற்றுலா விசாவில் போகச் சொல்கிறார். ஊரைச் சுற்றிப் பார்த்த மாதிரியும் ஆகும், அங்கேயே வேலையும் தேடிக்கொள்ளலாம் என்கிறார். போகலாமா அக்கா?
*ஒரு வாசகர், மஸ்கெலியா*

போகாதீர்கள் தம்பி. சுற்றுலா விசாவில் வேலை செய்வது அங்கே சட்டப்படி குற்றம். விசா முடிந்த பிறகு தங்கினால் ஒரு நாளைக்கு 50 திர்ஹம் அபராதம் ஏறிக்கொண்டே போகும். சம்பளம் தராவிட்டாலும் போய் முறையிட முடியாது, உங்களிடம் காகிதம் இல்லை. வேலை விசாவுக்கான செலவு முதலாளியுடையது என்று அந்த நாட்டுச் சட்டமே சொல்கிறது. அதற்கு உங்களிடம் இலட்சக் கணக்கில் கேட்கிறார் என்றால் அவரை நம்பாதீர்கள். வேலைக்கென்றால் ஒப்பந்தம் கையில் வரட்டும், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியுங்கள், பிறகு விமானம் ஏறுங்கள். அம்மாவின் தோட்டை அடகு வைத்துப் போன பிள்ளைகள் பார்க் வாங்கில் படுத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்.

தங்கக் கடைத்தெருவில் ஏமாறாமல் நகை வாங்குவது எப்படி?
*ஒரு வாசகி, ஹப்புத்தளை*

தங்கத்தின் அன்றைய விலை கடைகளில் எழுதியிருக்கும். அதில் பேரம் இல்லை. செய்கூலியில்தான் பேரம். மூன்று கடை ஏறி இறங்கி, செய்கூலியை மட்டும் கேளுங்கள். பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள்.

தங்கச்சி, என் மகள் டுபாயில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் காசாளர். தை மாதம் பத்து நாளைக்கு என்னைக் கூப்பிடுகிறாள். முப்பது வருடம் கொழுந்து பறித்தவள் நான். முழங்கால் வலி. இங்கிலீசு தெரியாது. மகளுக்கு ஞாயிறு மட்டும்தான் லீவு. நான் அங்கே என்னத்தைப் பார்ப்பது?
*ஒரு தாய், தலவாக்கலை*

அம்மா, உங்கள் கடிதத்தை நாலைந்து தடவை வாசித்துவிட்டேன். வெள்ளிக்கிழமை போய் இறங்குகிற மாதிரி டிக்கட் போடச் சொல்லுங்கள். பத்து நாளில் இரண்டு ஞாயிறு கிடைக்கும்.

முதல் ஞாயிறு காலையில் மகள் உங்களை டுபாய் கழிமுகத்துக்குக் கூட்டிப் போகட்டும். கடல் ஊருக்குள் ஆறு மாதிரி நுழைந்திருக்கும் இடம் அது. ஒரு கரை டெய்ரா, மறு கரை பர் டுபாய். நடுவில் ‘அப்ரா’ என்கிற மரப்படகு ஓடும். கட்டணம் ஒரு திர்ஹம். ஏறும்போது மகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஓரத்தில் தடுப்புக் கிடையாது. ஐந்து ஆறு நிமிடத்தில் அக்கரை.

முதல் வீட்டில் எனக்கு லீவே கொடுக்கவில்லை அம்மா. இரண்டு வருடம் அந்த ஊரைக் கார் கண்ணாடிக்குள்ளிருந்துதான் பார்த்தேன். வேறு வீட்டுக்கு மாறி முதல் லீவு கிடைத்த அன்று, கூட வேலை செய்த ஒரு அக்கா என்னை இந்தப் படகில்தான் ஏற்றினார். அன்றும் ஒரு திர்ஹம்தான். பக்கத்தில் ஒரு மேசன், எதிரே மூட்டையோடு ஒரு கடைக்காரர், அப்புறம் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம். எல்லோருக்கும் ஒரே பலகை. காற்று முகத்தில் அடித்தபோது, இந்த ஊரில் நானும் ஒரு ஆள் என்று அன்றுதான் எனக்குப் பட்டது.

எண்ணெய் கிடைத்தது 1966இல். அதற்கு முன் முத்துக் குளித்துத்தான் அந்த ஜனங்கள் பிழைத்தார்கள். ஜப்பானின் வளர்ப்பு முத்து வந்ததும் அந்தப் பிழைப்பு விழுந்தது. மணல் மூடிக்கொண்டிருந்த இந்தக் கழிமுகத்தை 1961இல் தோண்டி ஆழமாக்கிய பிறகுதான் பெரிய சரக்குப் படகுகள் வந்தன. இந்தத் தண்ணீரைப் பார்த்துவிட்டுப் போனால் அந்தக் கோபுரங்கள் எங்கிருந்து முளைத்தன என்று விளங்கும்.

பர் டுபாய்ப் பக்கம் அல் ஃபஹீதி என்ற பழைய குடியிருப்பு உண்டு. வீட்டுக்கு மேலே சதுரமாக எழும்பி நிற்பது காற்றுக் கோபுரம். மின்விசிறி இல்லாத காலத்தில் எந்தத் திசைக் காற்றையும் பிடித்துக் கீழே அறைக்குள் இறக்கினார்கள். சந்துகள் நிழலுக்காகவே குறுகலாகக் கட்டியவை. மெதுவாக நடக்கலாம், உட்காரத் திண்ணையும் கிடைக்கும்.

இரண்டாவது ஞாயிறு காலை ஜெபல் அலி கோவிலுக்குப் போங்கள். 2022இல் திறந்தது, உள்ளே முருகனும் இருக்கிறார். இரவு டுபாய் மோலுக்கு வெளியே நீரூற்றைப் பாருங்கள். பாட்டுக்கு ஏற்றபடி தண்ணீர் ஆடும். உயர்ந்தால் 150 மீட்டர் வரை போகும். மாலை ஆறுக்குப் பிறகு அரை மணிக்கு ஒரு தடவை, இலவசம். புர்ஜ் கலிஃபாவும் அங்கேயே தலைக்கு மேல் நிற்கும். நீங்கள் ஏற வேண்டாம், கீழே நின்று பார்த்தால் போதும். மெட்ரோவிலிருந்து மோலுக்கு எண்ணூறு மீட்டருக்கு மேல் பாலத்தில் நடக்க வேண்டும். நகரும் பட்டை இருக்கிறது, அதில் நில்லுங்கள். மெட்ரோவில் பெண்களுக்குத் தனிப் பெட்டி உண்டு. வெற்றிலை, பிஸ்கட் எதையும் ரயிலுக்குள் வாயில் போடாதீர்கள், அபராதம் 100 திர்ஹம். சஃபாரியில் மணல் மேட்டில் வண்டி தூக்கிப் போடும். உங்கள் முழங்காலுக்கு அது ஆகாது.

வலி மாத்திரைக்கு டொக்டர் எழுதித் தந்த மருந்துத் துண்டைக் கையோடு எடுத்துப் போங்கள். சில வலி மருந்துகளுக்கு அங்கே கட்டுப்பாடு இருக்கிறது. தை மாத இரவுக்கு ஒரு ஸ்வெட்டர் போதும், தலவாக்கலைக் குளிர் இருக்காது.

வேலை நாட்களில் ஒரு நாள் மகளின் கடைக்குப் போங்கள். அங்கே தேயிலைத் தட்டில் ‘சிலோன்’ என்று எழுதிய பெட்டிகள் அடுக்கி இருக்கும். நான் முதன்முதலில் பார்த்தபோது ஒன்றை எடுத்து மூக்கில் வைத்தபடி அப்படியே நின்றுவிட்டேன். என் அம்மா பிரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, கிளம்பும் அதிகாலை வாசம் அது. நீங்களும் ஒரு பெட்டி எடுத்துக்கொண்டு, மகள் உட்கார்ந்திருக்கும் கவுண்டர் வரிசையில் போய் நில்லுங்கள். அவள் பில் போடட்டும்.