“அவங்க காலும் உடைஞ்சதுதானே அம்மா?”

மேடம், வணக்கம்.

நாங்கள் நியூஜெர்சிக்கு வந்து 25 வருஷம் ஆகிறது. ஒரே மகள், வயது 23. ஆறு வயதில் பாலே வகுப்பில் சேர்த்தேன். அக்கம்பக்கத்தில் எல்லோரும் சேர்த்தார்கள், நானும் சேர்த்தேன், அவ்வளவுதான். அப்புறம் டேப், ஜாஸ் நடனங்கள் என்று வளர்ந்துகொண்டே போனது. சனி, ஞாயிறு முழுக்க அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு அலைந்தவள் நான்தான். கல்லூரியிலும் நடனத்தையே எடுத்தாள். அவள் அப்பா மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

போன குளிர்காலத்தில், ஊர் ஊராகப் போய் மியூசிக்கல் நாடகம் போடும் ஒரு குழுவில், கூட்டமாக ஆடும் கோரஸில் இடம் கிடைத்தது. பத்து வாரம்கூட முடியவில்லை. ஒத்திகையில் தாவி இறங்கும்போது இடது முழங்கால் மடங்கி லிகமென்ட் கிழிந்துவிட்டது. மார்ச்சில் ஆபரேஷன். இப்போது அவள் இடத்தில் வேறொரு பெண் ஆடுகிறாள். அந்தப் பெண் போடும் போட்டோக்களை இவள் ராத்திரி இரண்டு மணிக்கு உட்கார்ந்து பார்க்கிறாள்.

மற்ற நேரமெல்லாம் சீட்டா ரிவேரா என்ற மேடை நடிகையின் வீடியோக்கள்தான். 2024-இல் 91 வயதில் காலமானவராம். “அவங்க கால் 12 இடத்துல உடைஞ்சது. ஏழு வருஷத்துல திரும்பி வந்து டோனி விருது வாங்கினாங்க. எனக்கு ஒரு முட்டிதானே?” என்கிறாள். டோனி என்பது மேடை நாடகத்துக்கு ஆஸ்கர் மாதிரியாம். ஆனால் ஃபிசியோ சொன்ன பயிற்சிகளை வாரத்தில் இரண்டு நாள் செய்தால் பெரிது. ஒருநாள் பொறுக்க முடியாமல், “அவங்க எங்கே, நீ எங்கே?” என்று கேட்டுவிட்டேன். அன்றிலிருந்து என்னிடம் சாப்பாட்டுக்கு மட்டும்தான் பேச்சு.

கண்ணில் பட்டால் வலிக்குமே என்று அவளுடைய டேப் ஷூ, பாலே ஷூ எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு கராஜில் வைத்தேன். அதை அவளே தேடிக் கண்டுபிடித்துவிட்டாள். கத்தவில்லை. “செத்தவங்க சாமானைத்தானே இப்படிக் கட்டி வைப்பாங்க?” என்று மட்டும் கேட்டாள். என் கணவர், “நல்ல சமயம், கம்ப்யூட்டரில் மாஸ்டர்ஸ் சேரட்டும்” என்கிறார். நான் என்ன செய்யட்டும்?

பெயர் வேண்டாம், நியூஜெர்சி

அன்புள்ள சகோதரிக்கு,

மற்றதெல்லாம் பிறகு. மகள் சொன்ன அந்த ‘செத்தவங்க’ என்ற வார்த்தையை அப்படியே விட்டுவிடாதீர்கள். “உனக்கு உயிரோட இருக்க வேண்டாம்னு தோணுதா?” என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்று பயப்பட வேண்டாம், அப்படி வராது. கேட்க ஒருவர் இருக்கிறார் என்பதே பெரிய ஆறுதல். “ஆமாம்” என்றாலோ, பதில் சொல்லாமல் அழுதாலோ, அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அமெரிக்காவில் 988 என்ற எண்ணில் எந்த நேரமும் பேச ஆள் கிடைப்பார்கள். அந்த எண் உங்கள் போனிலும் இருக்கட்டும்.

இனி ரிவேராவுக்கு வருவோம். நான் நடனம் தெரியாதவள், ஆனால் அவருடைய கதை எனக்குத் தெரியும். நீங்கள் இருவரும் அந்த ஒரே கதையை வைத்துத்தான் மோதுகிறீர்கள். அவளுக்கு அது ‘நானும் வருவேன்’ என்பதற்குச் சாட்சி. உங்களுக்கு ‘நீ வர மாட்டாய்’ என்பதற்கு. இரண்டு பேருமே அதைப் பாதியில் விட்டுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

ரிவேராவுக்கு ஏழு வயதில் அப்பா இறந்துவிட்டார். வாஷிங்டனில் வளர்ந்த அந்தப் பெண் வீட்டுக்குள் குதித்து விளையாடி மேஜையை உடைத்தாள். அடங்கட்டும் என்று அம்மா பாலே வகுப்பில் சேர்த்தார். பெரிய கனவெல்லாம் இல்லை, உங்களைப் போலத்தான். முதல் மியூசிக்கல் வாய்ப்பும் எதேச்சையாக வந்ததுதான். தோழிக்குத் துணையாகத் தேர்வுக்குப் போனவருக்கு வேலை கிடைத்துவிட்டது. 1957-இல் ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ நாடகத்தில் அனிட்டா என்ற வேடத்தில் ஆடியபோது வயது 24. அதே நாடகம் லண்டன் போக வேண்டிய சமயத்தில் அவர் கர்ப்பமாக இருந்தார். குழந்தை பிறக்கும்வரை நாடகத்தையே தள்ளிவைத்துக் காத்திருந்தார்கள்.

உங்கள் மகள் ராத்திரியில் பார்க்கும் அந்தப் போட்டோக்களை நினைத்தபோது எனக்கு ஞாபகம் வந்தது வேறொன்று. அனிட்டாவை மேடையில் முதலில் உருவாக்கியவர் ரிவேரா. படம் எடுத்தபோது வேடம் ரீட்டா மொரேனோவுக்குப் போனது, அவர் ஆஸ்கரும் வாங்கினார். ‘பை பை பேர்டி’யில் ரோஸ் வேடம், மேடையில் இவர், படத்தில் ஜேனட் லீ. 1975-இல் ‘சிகாகோ’ நாடகத்தில் வெல்மா வேடம் இவருக்கு. அந்த நாடகம் 11 டோனி பரிந்துரைகள் பெற்று ஒன்றுகூட வாங்காமல் வீடு திரும்பியது. 2002-இல் படமானபோது வெல்மாவாக நடித்த கேத்தரின் ஸீட்டா ஜோன்ஸுக்கு ஆஸ்கர். அதே படத்தில் ரிவேரா ஒரு சில நொடிகள் வந்துபோவார்! ஒருமுறையா இருமுறையா, தன் இடத்தில் இன்னொருத்தி நிற்பதை மூன்று முறை பார்த்தவர் அவர். உங்கள் மகளுக்கு உண்மையில் வேண்டியது இந்தப் பகுதி. வீடியோக்களில் இது அவ்வளவாக வராது.

கால் உடைந்தது 1986-இல், நியூயார்க்கில் நடந்த கார் விபத்தில். அப்போது அவருக்கு 53 வயது. முப்பது வருஷத்துக்கு மேல் மேடையில் ஆடி முடித்திருந்தார், இரண்டு வருஷம் முன்னால்தான் முதல் டோனியும் வாங்கியிருந்தார். அதாவது, அன்றோடு ஆட்டம் நின்றிருந்தாலும் அவர் சீட்டா ரிவேராதான். உங்கள் மகளுக்கு அந்தக் காப்பு இல்லை. அவள் ஆடியது பத்து வாரம். ‘ஆரம்பிக்கும் முன்னாலேயே முடிந்துவிட்டதோ’ என்ற பயம் ரிவேராவுக்கு இருந்த பயமே இல்லை. அதனால்தான் அந்த உதாரணம் அவளுக்குத் தெம்பு தராமல் பாரமாக ஏறுகிறது.

சரி, இவ்வளவு ஆசை இருப்பவள் பயிற்சியை ஏன் செய்வதில்லை? சோம்பல் என்று நினைத்திருப்பீர்கள். என் கணிப்பு வேறு. முழுதாகச் செய்து பார்த்து, அப்புறமும் முட்டி பழையபடி வரவில்லை என்றால்? செய்யாதவரை, ‘செய்தால் வந்துவிடும்’ என்ற நம்பிக்கை பத்திரமாக இருக்கிறது. பரீட்சைக்குப் படிக்காமல் போகும் கெட்டிக்காரப் பிள்ளைகளிடம் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். “பயிற்சி செய்தாயா?” என்று நீங்கள் கேட்கும் ஒவ்வொரு தடவையும், அவள் காதில் “தோற்றுப் பார்க்கிறாயா?” என்றுதான் விழும்.

ரிவேராவுக்கு அந்தப் பழைய கால் திரும்பக் கிடைக்கவில்லை. தட்டும் ஸ்க்ரூவும் வைத்துக் கட்டிய கால் அது. 1993-இல் ‘கிஸ் ஆஃப் தி ஸ்பைடர் வுமன்’ நாடகத்தில் 60 வயதில் டோனி வாங்கினார், உண்மைதான். ஆனால் அந்தக் கால் எதற்குச் சம்மதிக்கிறதோ அதை வைத்துத்தான் ஆடினார். 2015-இல் 82 வயதில் நியூயார்க்கின் பெரிய நாடக மேடைகள் இருக்கும் பிராட்வேயில் ‘தி விசிட்’ நாடகத்தின் நாயகியாக நின்றதும் அப்படித்தான். இதை நீங்கள் எடுத்துச் சொல்லாதீர்கள், மறுபடி பாடம் எடுப்பதாகிவிடும். ஒருநாள் விபத்துக்குப் பிறகு ரிவேரா ஆடிய வீடியோவை அவள் பார்க்கும்போது பக்கத்தில் உட்காருங்கள். “விபத்துக்கு முன்னாடி ஆடினதையும் இதையும் போட்டுக் காட்டேன், எனக்கு வித்தியாசம் தெரியல” என்று கேளுங்கள். அவள் சொல்லித் தரட்டும். சொல்லும்போது அவளே கவனிப்பாள்.

காலைப் பொறுத்தவரை, இந்த ஆபரேஷனுக்குப் பிறகு மறுபடி தாவி ஆட ஒன்பது மாதமோ ஒரு வருஷமோ ஆவது சகஜம். தேதியை சர்ஜன்தான் சொல்ல வேண்டும், நீங்களோ நானோ யூடியூபோ இல்லை. நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவமனையில் நடனக் காயங்களுக்கென்றே ஹார்க்னஸ் மையம் இருக்கிறது. அங்கே ஒருமுறை காட்டுங்கள். வருகிறவர்கள் எல்லோரும் ஆடுகிறவர்கள், அந்த வெயிட்டிங் ஹாலே அவளுக்குப் பாதி மருந்து. 26 வயது வரை பெற்றோரின் இன்சூரன்ஸில் இருக்கலாம் என்பதால் அந்தக் கவலையும் இப்போது இல்லை. அவள் அப்பாவிடம், மாஸ்டர்ஸ் பேச்சைச் சர்ஜன் தேதி சொல்லும்வரை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். படிப்பு கெட்டது என்பதற்காக இல்லை. இப்போது சொன்னால் அது அவளுக்குத் தண்டனையாகத்தான் கேட்கும்.

“அவங்க எங்கே, நீ எங்கே” என்றதற்கு மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். “கோவத்துல சொல்லிட்டேன், தப்பு” போதும். “உன் நல்லதுக்குத்தான்” என்று வால் ஒட்டாதீர்கள்.

அப்புறம் அந்த ஷூ பெட்டி. இன்றைக்கே கராஜிலிருந்து எடுத்துவந்து அவள் அறை வாசலில் வையுங்கள். உள்ளே எடுத்துப்போவதா வேண்டாமா என்பதை அவள் பார்த்துக்கொள்வாள்.