ஏழாம் வீடு எதிரி வீடா?

கடிதம்:

வணக்கம் ஐயா. காட்பாடியிலிருந்து எழுதுகிறேன், பெயர் போட வேண்டாம். மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அவள் சுவாதி நட்சத்திரம், துலாம் ராசி. பையன் பரணி, மேஷம். எங்கள் ஜோசியர், "சமசப்தமம் (ஒருவர் ராசிக்கு மற்றவர் ராசி ஏழாவது), தாராளமாகச் செய்யலாம்" என்றார். மகள் ஆன்லைனில் ஒருவரிடம் டாரட், அதாவது சீட்டுக் கட்டை வைத்துச் சொல்லும் குறி, பார்த்தாள். அந்தம்மா, "மேஷத்துக்கு எம்பரர் கார்டு, துலாத்துக்கு ஜஸ்டிஸ் கார்டு. இரண்டும் நேரெதிர், காலம் முழுக்க இழுபறிதான்" என்று சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை. மகள் மாசி நடுவில் பிறந்தவள், பையன் ஆவணி நடுவில். ஒரே எதிரெதிர் ராசியை ஒருவர் பொருத்தம் என்கிறார், இன்னொருவர் சண்டை என்கிறார். ஜோசியத்துக்கும் டாரட்டுக்கும் உண்மையில் தொடர்பு உண்டா? எதை எடுத்துக்கொள்வது?

பதில்:

அன்புள்ள அம்மாவுக்கு,

ஜாதகத்தில் எதிரிக்கென்று ஒரு வீடு இருக்கிறது. அது ஆறாம் வீடு. கடன், நோய், பகை மூன்றையும் அங்கேதான் பார்ப்பார்கள். முதல் வீடான லக்னத்துக்கு நேரெதிரே இருக்கும் ஏழாம் வீட்டைக் களத்திர ஸ்தானம் என்று கணவன் மனைவிக்குக் கொடுத்தார்கள். கூட்டுத்தொழில் பார்ப்பதும் அதே வீட்டில்தான். லக்னம் கிழக்கே உதிக்கும் நேரத்தில் ஏழாம் ராசி மேற்கே இறங்கிக்கொண்டிருக்கும். வானத்தின் இரண்டு முனைகளில் நிற்பவர்களைத்தான் நம் ஆட்கள் ஜோடி என்று வைத்தார்கள். இது என்னை எப்போதுமே வியக்க வைக்கிற விஷயம்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம், நீங்கள் வெகுதூரம் போக வேண்டாம். காட்பாடியிலிருந்து வேலூருக்கு வரும் பாலாற்றுப் பாலம் வடக்கு தெற்காகக் கிடக்கிறது, ஆறு மேற்கிலிருந்து கிழக்கே போகிறது. பௌர்ணமி மாலை அந்தப் பாலத்தில் நின்றால் ஒரு பக்கம் ஆற்று மணலுக்கு மேலே சூரியன் இறங்கும், திரும்பினால் மறுபக்கம் நிலா ஏறும். சித்திரைப் பௌர்ணமி என்றால் சூரியன் மேஷத்தில், சந்திரன் துலாத்தில். உங்கள் பிள்ளைகளின் அதே இரண்டு ராசிகள். எதிரில் நின்றால்தான் நிலா முழு நிலா. சூரியனோடு ஒரே இடத்தில் சேர்ந்துவிட்டால் அன்று அமாவாசை.

உச்சம் நீசம் என்ற கணக்கும் இந்தக் கோட்டில்தான் ஓடுகிறது. சூரியன் மேஷத்தில் உச்சம், துலாத்தில் நீசம். சனிக்கு அப்படியே தலைகீழ்: துலாத்தில் உச்சம், மேஷத்தில் நீசம். குருவும் செவ்வாயும் கடகம், மகரத்தை இப்படி மாற்றிக்கொள்கிறார்கள். புதனும் சுக்கிரனும் கன்னி, மீனத்தை. ஒருவர் ஓங்குகிற இடத்தில் இன்னொருவர் தாழ்வார், எதிர்முனைக்குப் போனால் முறை மாறும். நீசம் என்றதும் எல்லோரும் பயப்படுகிறார்கள். வேலூர்க்காரர்கள் பயப்படவே கூடாது. சூரியன் உச்சமாகும் சித்திரையில் இங்கே வெயில் என்ன பாடுபடுத்தும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதே சூரியன் நீசமாகிற மாதம் ஐப்பசி, அடைமழை மாதம். பாலாற்றில் நாலு நாள் தண்ணீர் ஓடாதா என்று நாம் காத்திருப்பது அப்போதுதானே? மேஷத்து வெயில் மட்டுமே வருஷம் முழுக்க அடித்தால் இந்த மண்ணில் என்ன விளையும்? சமநிலை என்றால் இரண்டு பக்கமும் எப்போதும் சரிபாதியாக நிற்பது என்று எனக்குத் தோன்றவில்லை. ஒன்று ஓங்கும்போது மற்றது விட்டுக்கொடுக்கும், அப்புறம் முறை மாறும்.

எதிரெதிர் எல்லாமே நல்லது என்றும் நம் மரபு சொல்லவில்லை. சமசப்தமத்திலும் கடகம் மகரத்தையும் சிம்மம் கும்பத்தையும் சேர்க்கத் தயங்குகிற ஜோசியர்கள் உண்டு. சந்திரனும் சூரியனும் அந்தந்த வீட்டு அதிபதிகள், எதிர்வீட்டுக்காரர் இரண்டு இடத்திலும் சனி, அவருக்கு அவர்கள் இருவரும் பகை. மேஷம் துலாத்தில் எதிரெதிரே இருப்பவர்கள் செவ்வாயும் சுக்கிரனும். அந்தத் தயக்கம் இங்கே கிடையாது.

சரி, டாரட்டுக்கு வருவோம். 78 கார்டுகள் உள்ள கட்டு அது. 15ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் சீட்டு விளையாட்டாகப் பிறந்தது. குறி பார்க்கும் கட்டாக அது பரவியது 18ஆம் நூற்றாண்டின் கடைசியில், பிரான்சில். இன்று டாரட் பார்ப்பவர்கள் பலரும் சொல்கிற ராசிக் கணக்கை வகுத்தது 1888இல் லண்டனில் தொடங்கிய கோல்டன் டான் என்ற குழு. மேஷத்துக்கு எம்பரர், ரிஷபத்துக்கு ஹைரோஃபன்ட் என்று வரிசையாகக் கொடுத்துக்கொண்டே வந்தார்கள். ஒரு இடத்தில் வரிசை இடித்தது. பழைய கட்டுகளில் தராசு பிடித்த ஜஸ்டிஸ் 8ஆம் எண், சிங்கத்தோடு நிற்கும் ஸ்ட்ரெங்த் 11ஆம் எண். ராசி வரிசையிலோ சிம்மம் முதலில் வருகிறது, துலாம் பிறகு. இரண்டையும் இடம் மாற்றிவிட்டார்கள். அந்தக் குழுவில் இருந்த வெய்ட் என்பவர் 1909இல் வெளியிட்ட கட்டு, பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்தது, அந்த மாற்றத்தோடுதான் அச்சானது. இன்று கடைகளில் கிடைப்பதில் பெரும்பகுதி அதன் வழிவந்தவை.

ஆகவே தொடர்பு உண்டா என்றால், உண்டு. மனிதர்கள் யோசித்துப் போட்ட முடிச்சு அது. தராசு தராசோடு சேர வேண்டும் என்பதற்காகக் கார்டின் எண்ணையே மாற்றினார்கள் என்றால் எதிர்முனை, சமன் என்பதெல்லாம் அவர்களுக்கு எவ்வளவு முக்கியமாக இருந்திருக்கும்! ஆனால் ஜோசியமும் டாரட்டும் ஒரே மாதிரி பேசினால் அதை இரண்டு சாட்சிகளாக எண்ணக் கூடாது. ஒரே சாட்சியின் வாக்குமூலம்தான் இரண்டு தாளில் இருக்கிறது.

அந்த இரண்டு கார்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எம்பரருக்குச் சிவப்பு அங்கி, அடியில் இரும்புக் கவசம், சிம்மாசனத்தில் ஆட்டுத்தலைகள். ஜஸ்டிசுக்கும் சிவப்பு அங்கிதான், ஒரு கையில் வாள், மறுகையில் தராசு. இருவரும் உட்கார்ந்து நேராக நம்மைப் பார்க்கிறார்கள். ஒருவர் ஆணையிடுகிறவர், மற்றவர் அது நியாயமா என்று நிறுத்துப் பார்க்கிறவர். கேட்க ஆளில்லாத ஆணை எங்கே போய் முடியும்? இதில் இழுபறியை மட்டும் பார்த்தவர் பாதிதான் பார்த்திருக்கிறார்.

அவர் கவனிக்காத இன்னொன்றும் இருக்கிறது. நம் ராசி சந்திரன் நின்ற ராசி. டாரட்காரர்கள் சொல்கிற ராசி சூரியனுடையது. அதையும் அவர்கள் மார்ச் 21 வாக்கில் தொடங்கி எண்ணுகிறார்கள், நமக்கு மேஷம் பிறப்பது ஏப்ரல் 14 வாக்கில். வித்தியாசம் சுமார் 24 பாகை. உங்கள் வீட்டுத் துலாம் மேஷத்தை அந்தக் கார்டுகளின் மேல் அப்படியே ஒட்டியது தவறு. மாசி நடுவில் பிறந்த மகள் அவர்கள் கணக்கில் மீனம், ஆவணி நடுவில் பிறந்த பையன் கன்னி. அதுவும் எதிரெதிர்தான்! தொடக்கப்புள்ளியை நகர்த்தினால் இரண்டு முனைகளும் சேர்ந்தே நகர்கின்றன. மீனத்துக்கு மூன் கார்டு: நிலவைப் பார்த்து ஊளையிடும் நாயும் ஓநாயும், குளத்திலிருந்து மேலேறி வரும் நண்டு போன்ற ஜீவன். கன்னிக்கு ஹெர்மிட்: மலையுச்சியில் விளக்கைப் பிடித்து நிற்கும் கிழவர். கலங்கின இரவு ஒன்றில், கையில் விளக்கு ஒன்றில். இதைச் சண்டை என்று படிக்க எனக்கு மனம் வரவில்லை.

கல்யாணம் நன்றாக இருக்குமா என்று ஜாதகத்தையோ கார்டையோ வைத்து நான் உறுதி தரமாட்டேன். எதிரெதிர் என்ற ஒரே காரணத்துக்காக இந்த வரனைத் தள்ளாதீர்கள், இதை மட்டும் அழுத்திச் சொல்வேன்.

டாரட்டில் கேள்வி தெரியாமல் கார்டைப் படிக்க முடியாது. வேலை பற்றிக் கேட்டவருக்கு வந்த எம்பரர் வேறு, அப்பாவைப் பற்றிக் கேட்டவருக்கு வந்தவர் வேறு. ஜோசியர் சொன்னதை எழுதியிருக்கிறீர்கள், அந்தம்மா சொன்னதை எழுதியிருக்கிறீர்கள். பார்க்கப் போன உங்கள் மகள் அங்கே என்ன கேட்டாள் என்பது கடிதத்தில் இல்லை. பையனைப் பற்றி ஏதாவது தயக்கமா, வேலையை விட வேண்டி வருமோ என்ற கவலையா? பக்கத்தில் உட்கார வைத்து அதை முதலில் கேளுங்கள். அதன்பிறகும் பார்க்கத் தோன்றினால் இருவரும் பிறந்த நேரத்தையும் ஊரையும் அனுப்புங்கள், ஏழாம் வீட்டை நிதானமாகப் பார்த்து எழுதுகிறேன்.