எடுப்பதா, தாண்டுவதா: அமெரிக்கக் கல்லூரியில் முதல் கால்குலஸ் (கேள்வி பதில்)

அமெரிக்காவில் இளநிலை சேர்பவர்கள் முதல் செமஸ்டரில் சந்திக்கும் 'கால்குலஸ் ஒன்று' (நுண்கணிதத்தின் முதல் பாடம்) பற்றி மட்டும் கேளுங்கள். விசா நேர்காணல், கல்லூரித் தரவரிசைக்கு இது இடமில்லை. கேள்வியோடு மேஜரையும், அதாவது உங்கள் முதன்மைப் பாடத்தையும், எழுதுங்கள். அது இல்லாமல் நான் பதில் சொன்னால் அது ஜோசியம்.

கேள்வி: தமிழ்நாடு பாடத்திட்டம், +2 கணிதத்தில் 94. மெக்கானிக்கல் சேர்கிறேன். வகையிடல், தொகையிடல் எல்லாம் பள்ளியிலேயே முடிச்சாச்சு. கால்குலஸ் ஒன்றை விட்டுட்டு நேரா இரண்டுக்குப் போகலாமா அக்கா?

பதில்: உங்கள் புத்தகத்தையே விரித்துப் பார்ப்போம். 11ஆம் வகுப்பு இரண்டாம் தொகுதியில் எல்லை, தொடர்ச்சித் தன்மை, வகையிடல், தொகையிடல் இருக்கின்றன. 12இல் வகை நுண்கணிதப் பயன்பாடுகள், பகுதி வகைக்கெழு, பரப்பு, கன அளவு, வகைக்கெழுச் சமன்பாடுகள். கால்குலஸ் ஒன்று ஏறத்தாழ முழுதாக இதற்குள் அடங்கிவிடும். கால்குலஸ் இரண்டிலும் தொகையிடும் முறைகளில் பல உங்களுக்குப் பழையவை. புதியது முடிவிலாத் தொடர்கள். டெய்லர் விரிவைப் பார்த்திருப்பீர்கள். ஒரு தொடர் குவிகிறதா, விரிகிறதா என்று கண்டுபிடிக்கும் சோதனைகளைப் பார்த்திருக்க மாட்டீர்கள். இரண்டாம் கால்குலஸில் ஆட்கள் சறுக்குவது பெரும்பாலும் அங்கேதான்.

பாடம் தெரிந்திருப்பது ஒரு விஷயம், தாண்ட அனுமதி கிடைப்பது வேறு விஷயம். அட்வைசரைக் கேட்பதோடு நிற்காமல் கணிதத் துறைக்கே எழுதுங்கள். இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள்: பிளேஸ்மென்ட் (மேல்நிலைப் பாடத்தில் சேர அனுமதி) தருகிறீர்களா, கிரெடிட் (பட்டத்துக்கு எண்ணப்படும் பாட அலகு) தருகிறீர்களா? பிளேஸ்மென்ட் மட்டும் என்றால் கால்குலஸ் இரண்டில் உட்கார விடுவார்கள், ஒன்றுக்கான 4 கிரெடிட் கணக்கில் ஏறாது. அபெட் (இன்ஜினியரிங் படிப்புகளை மதிப்பிடும் அமைப்பு) அங்கீகாரம் உள்ள இன்ஜினியரிங் பட்டத்துக்குக் கணிதமும் அடிப்படை அறிவியலும் சேர்த்துக் குறைந்தது 30 செமஸ்டர் கிரெடிட் வேண்டும். கிரெடிட் இல்லாமல் தாண்டினால் அந்த ஓட்டையை இன்னொரு கணித அல்லது அறிவியல் பாடத்தால் நிரப்பச் சொல்லலாம். சில துறைகளில் அதற்கென்றே தேர்வு எழுதி கிரெடிட் வாங்கும் வழி உண்டு, கேட்டால்தான் சொல்வார்கள்.

முடிவெடுக்க ஒரு வழி: அந்தத் துறையின் பழைய கால்குலஸ் ஒன்று இறுதித்தேர்வுத் தாளைத் தேடி எடுத்து, கால்குலேட்டர் இல்லாமல் இரண்டு மணி நேரம் எழுதுங்கள். 80க்கு மேல் வந்தால் தாண்டுங்கள். 65க்குக் கீழே என்றால் யோசிக்காமல் ஒன்றையே எடுங்கள். நடுவில் வந்தால் எங்கே மதிப்பெண் போனது என்று பாருங்கள். சூத்திரம் மறந்து போயிருந்தால் இரண்டு வாரத்தில் மீட்டுவிடலாம். இயற்கணிதத்தில் போயிருந்தால் தாண்டாதீர்கள்.

கேள்வி: அலெக்ஸ் பிளேஸ்மென்ட் தேர்வில் 61 வந்தது. கால்குலஸுக்கு முந்தைய பாடமான பிரிகால்குலஸ் எடுக்கச் சொல்கிறார்கள். ஒரு செமஸ்டர் வீண்தானே? மேஜர் எகனாமிக்ஸ். +2வில் வணிகக் கணிதம்.

பதில்: அலெக்ஸ் என்பது எந்தக் கணிதப் பாடத்தில் சேரலாம் என்று பார்க்கும் ஆன்லைன் தேர்வு. 100க்குப் போடுவார்கள், அதிகபட்சம் 30 கேள்வி. கால்குலஸ் ஒன்றுக்கான வெட்டுப்புள்ளியை ஒவ்வொரு கல்லூரியும் தானே வைக்கிறது, பல இடங்களில் 75ஐ ஒட்டி. உங்களுக்கு இன்னும் வாய்ப்பு மீதி இருக்கும். அதோடு சேர்ந்து வரும் பயிற்சிப் பகுதியில் உட்கார்ந்துவிட்டு மறுபடி எழுதுங்கள். பக்கத்தில் அண்ணனை வைத்துக்கொண்டு எழுதாதீர்கள். அப்படி வாங்கிய 80, முதல் மிட்டெர்மில் 40ஆகத் திரும்பி வரும்.

61 உண்மையான 61தானா என்று பார்க்க ஐந்து கணக்கு, 30 நிமிடம், கையால்:

ஒன்று, 1/(எக்ஸ்+எச்) இலிருந்து 1/எக்ஸ் ஐக் கழித்து எச் ஆல் வகுத்துச் சுருக்குங்கள்.
இரண்டு, சைன் 2எக்ஸ் = காஸ் எக்ஸ்; 0 முதல் 2π வரை எத்தனை தீர்வு?
மூன்று, மடக்கை எக்ஸ் + மடக்கை (எக்ஸ்−2) = மடக்கை 3.
நான்கு, (எக்ஸ்−3)/(எக்ஸ்+2) எப்போது பூச்சியம் அல்லது அதற்கு மேல்?
ஐந்து, ஆரம் 3, உயரம் 6 உள்ள, முனை கீழே இருக்கும் கூம்பில் எச் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அதன் கன அளவை எச் மட்டும் வைத்து எழுதுங்கள்.

இரண்டாவதில் நான்கு தீர்வு. இரண்டு பக்கத்தையும் காஸ் எக்ஸ் ஆல் வகுத்தவர்களுக்கு இரண்டுதான் கிடைத்திருக்கும். மூன்றாவதில் 3 மட்டும். −1ஐயும் எழுதியவர்கள் மடக்கை எங்கே வரையறுக்கப்படுகிறது என்பதை மறந்துவிட்டார்கள். ஐந்தாவதின் விடை π எச்³/12. நான்கு சரி என்றால் மறுதேர்வு எழுதிக் கால்குலஸுக்குப் போங்கள். மூன்றோ அதற்குக் கீழோ என்றால் பிரிகால்குலஸ் வீண் இல்லை.

ஏன் இதையே பிடித்துக்கொண்டு தொங்குகிறேன் என்றால், இதைப் பாருங்கள். எக்ஸ்²·√(எக்ஸ்+1) எங்கே உச்சம், எங்கே நீசம் என்று ஒரு கேள்வி. பெருக்கல் விதிப்படி வகையிட ஒரு வரி போதும்: 2எக்ஸ்·√(எக்ஸ்+1) கூட்டல் எக்ஸ்²/(2√(எக்ஸ்+1)). கால்குலஸ் அத்தோடு முடிந்தது. இனி பொதுப்பகுதி எடுத்து, சேர்த்து, எக்ஸ்(5எக்ஸ்+4)/(2√(எக்ஸ்+1)) என்று கொண்டுவந்து, 0, −4/5 என்ற இரண்டு புள்ளிகளைப் பிடிக்க வேண்டும். மாணவர் மதிப்பெண் இழப்பது இந்த இரண்டாம் பாதியில். "கால்குலஸ் வரவில்லை" என்று சொல்பவர்களில் பலருக்கு வராதது பின்னம்.

கேள்வி: கால்குலஸ் கஷ்டமா இருக்குமா?

பதில்: மேஜர்?

கேள்வி: பிசினஸ். 'பிசினஸ் கால்குலஸ்' என்று தனியா ஒன்று இருக்கு. அது சுலபம்னு சொல்றாங்க.

பதில்: சுலபம்தான், திரிகோணமிதி அநேகமாக இருக்காது. ஆனால் அது முட்டுச்சந்து. அதை முடித்துவிட்டுக் கால்குலஸ் இரண்டுக்குப் போகப் பெரும்பாலான இடங்களில் விடமாட்டார்கள். எகனாமிக்ஸ், டேட்டா சயின்ஸ், ஃபைனான்ஸில் கணிதம் கூடிய பிரிவு என்று பின்னால் மாறும் எண்ணம் துளி இருந்தாலும் சாதாரணக் கால்குலஸ் ஒன்றையே எடுங்கள். மார்க்கெட்டிங்கில் உறுதியாக நிற்பவர்களுக்கு அது போதும்.

கேள்வி (டல்லாஸ், அப்பா): பையன் அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் கால்குலஸ் பி.சி. தேர்வில் 5. கம்ப்யூட்டர் சயின்ஸ். கால்குலஸ் ஒன்றையே திரும்ப எடுத்தால் சுலபமாக ஏ வருமே?

பதில்: வேண்டாம். பி.சி. என்பது அமெரிக்கப் பள்ளி மாணவர்கள் கல்லூரி கிரெடிட்டுக்காக எழுதும் தேர்வு, அதிகபட்சம் 5. அதில் இருப்பது கல்லூரியின் இரண்டு செமஸ்டர் பாடம். திரும்ப எடுத்தால் தேர்வால் கிடைத்த கிரெடிட் பல இடங்களில் ரத்தாகும்.

இன்னொருவர்: மேடம், நிஜத்தில் முதல் செமஸ்டர் ஜிபிஏ தான் எல்லாம். சும்மா கிடைக்கிற ஏ வை ஏன் விடணும்?

பதில்: சும்மா கிடைக்காது. தெரிந்த பாடம் என்று வகுப்புக்குப் போகாமல், வாராந்திர வீட்டுப்பாடத்தையும் க்விஸ்ஸையும் கோட்டைவிட்டு, தேர்வில் 92 வாங்கியும் மொத்தத்தில் பி+ வாங்குவதுதான் இதில் வழக்கமான விபத்து.

மற்றொருவர்: நேரா கால்குலஸ் மூன்றில் போட்டுப் பையனை மூழ்கடிக்கச் சொல்றீங்களா? அந்தத் தேர்வில் கால்குலேட்டர் உண்டு, கல்லூரியில் கிடையாது.

பதில்: பாதி சரி. பி.சி. தேர்வின் 45 பலவுள் தெரிவு வினாக்களில் 15க்கும், 6 விரிவான வினாக்களில் 2க்கும்தான் கால்குலேட்டர். மீதி முழுக்கக் கைக்கணக்கு. எல்லையின் எப்சிலான்-டெல்டா வரையறை அந்தத் தேர்வில் இல்லை என்பது உண்மையான இடைவெளி. ஆனால் கால்குலஸ் மூன்றுக்கு அது பெரிய தடை இல்லை. அங்கே வேண்டியது வெக்டரும் முப்பரிமாணப் படம் வரையும் கையும்.

ஜிபிஏ பற்றிச் சொன்னவர்: மெடிக்கல் போகிறவனுக்கு என்ன சொல்வீங்க?

பதில்: அங்கே உங்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் உண்டு. சில மருத்துவக் கல்லூரிகள் தேர்வு கிரெடிட்டை ஏற்பதில்லை, கல்லூரியில் எடுத்த கணிதம் கேட்கின்றன. அதற்குப் புள்ளியியலோ அடுத்த நிலைக் கணிதமோ எடுத்தால் போயிற்று, பழையதைத் திரும்ப எழுத வேண்டியதில்லை. டல்லாஸ் பையன் மெடிக்கலும் இல்லை. 5 என்றால் மேலே போங்கள். 3 என்றால் பழைய இறுதித்தாளை எழுதிப் பாருங்கள். 4 வாங்கி ஒரு வருடம் கணிதத்தைத் தொடாதவர்களுக்கும் அதே தாள். இந்த வாதத்தை இத்தோடு விடுவோம், பின்னால் வரிசை நிற்கிறது.

கேள்வி: மருத்துவத்துக்கு முந்தைய பிரி-மெட். மருத்துவக் கல்லூரி நுழைவுத்தேர்வான எம்கேட்டுக்குக் கால்குலஸ் வேணுமா?

பதில்: வேண்டாம். எம்கேட்டில் கால்குலஸ் இல்லை, கால்குலேட்டரும் இல்லை. உங்கள் மேஜர் கேட்டால் எடுங்கள்.

கேள்வி: கால்குலஸ் எடுக்கலாமா வேண்டாமா?

பதில்: மேஜர்.

கேள்வி: எஃப்-1 மாணவர் விசாவில் இருக்கிறேன், முதல் செமஸ்டர். 13 கிரெடிட், அதில் கால்குலஸ் 4. முதல் மிட்டெர்ம் 38. விட்டுடலாமா?

பதில்: கால்குலஸை விட்டால் 9 ஆகிவிடும். இளநிலைக்கு 12 வேண்டும். சர்வதேச மாணவர் அலுவலகத்தில் இதற்குப் பொறுப்பான அதிகாரி (டி.எஸ்.ஓ.) முன்கூட்டி அனுமதிக்காமல் டிராப் பொத்தானை அமுக்கினால் விசா நிலையே உடையும். முதலில் அனுமதி, பிறகு டிராப். உங்களுக்குப் பொருந்தும் வழி ஒன்று விதியிலேயே இருக்கிறது: தவறான நிலைப் பாடத்தில் சேர்ந்துவிட்டதைக் காரணம் காட்டிக் குறைந்த கிரெடிட் கேட்கலாம். அப்போதும் குறைந்தது 6 இருக்க வேண்டும், அடுத்த செமஸ்டரில் முழுச் சுமைக்குத் திரும்ப வேண்டும், ஒரு பட்ட நிலைக்கு ஒரே முறைதான். டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பட்டியலில்) பாடத்தை நடுவில் விட்டதற்கான டபிள்யூ ஒன்று நிற்பதால் ஒன்றும் குடிமுழுகாது.

அதற்கு முன் விடைத்தாளை எடுத்து, இழந்த மதிப்பெண் ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'கா' அல்லது 'இ' என்று எழுதுங்கள், கால்குலஸா இயற்கணிதமா என்று. 'கா' அதிகமென்றால் 'ஆபீஸ் அவர்' எனப்படும், பேராசிரியரை நேரில் சந்திக்கும் நேரத்தில் போய் மீட்கலாம். 'இ' அதிகமென்றால் இறங்கிப் பிரிகால்குலஸ் எடுப்பது புத்திசாலித்தனம். சில துறைகள் செமஸ்டர் நடுவில் தொடங்கும் பிரிகால்குலஸ் பிரிவுக்கு மாற்றிவிடும். அது இருந்தால் கிரெடிட் சிக்கலே வராமல் போகலாம்.

கேள்வி: கோடை விடுமுறையில் கம்யூனிட்டி காலேஜில் எடுத்தால்?

பதில்: 15 வாரப் பாடம் 6 அல்லது 8 வாரத்தில் ஓடும். வேலை எதுவும் வைத்துக்கொள்ளாமல் எடுப்பவருக்குச் சரி. சேரும் முன்பே உங்கள் பல்கலைக்கழகத்தின் டிரான்ஸ்ஃபர் பட்டியலில் அந்தப் பாட எண் இருக்கிறதா என்று பாருங்கள். கிரெடிட் வரும், மதிப்பெண் பொதுவாக ஜிபிஏவில் சேராது.

கேள்வி: சைக்காலஜி. கட்டாயம் இல்லை. ஆனாலும் எடுத்தால் நல்லதா மேடம்?

பதில்: கேட்காமலே மேஜர் போட்டீர்கள், நல்லது. முதலில் புள்ளியியல் எடுங்கள், பட்டத்துக்கு அது எப்படியும் தேவைப்படும். முனைவர் படிப்பில் அளவீட்டுப் பக்கம் போகும் எண்ணம் வந்தால், இரண்டாம் ஆண்டில் கால்குலஸ் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அதுவரை அந்த ஐந்து கணக்கைப் போட்டு வைத்திருங்கள்.