ஜெர்மன் இயக்குநர் முர்னாவ் படங்களில் முதலில் எதைப் பார்க்கலாம்? ஊமைப் படம் என்றாலே தூக்கம் வருகிறதே?

உங்களிடம் யாரோ ‘நோஸ்ஃபெராட்டு பாருங்கள்’ என்று சொல்லி, நீங்களும் யூடியூபில் ஏதோ ஒரு கறுப்பு வெள்ளைப் பிரதியைப் போட்டுப் பாதியில் மூடியிருப்பீர்கள். சரியா? அப்படியென்றால் குற்றம் அந்தப் பிரதி மேல்தான். 1922ல் வெளியான அந்தப் படத்தின் இரவுக் காட்சிகளையும் பகல் வெளிச்சத்தில் எடுத்துவிட்டு, பிறகு பிலிமுக்கு நீலச் சாயம் ஏற்றினார்கள். சாயம் இல்லாத பிரதியில் ரத்தக்காட்டேரி பட்டப்பகலில் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடப்பான், சிரிப்புதான் வரும். போதாததற்கு, டிராகுலா நாவலின் உரிமையை வாங்காமலே எடுத்த படம் அது. நாவலாசிரியரின் மனைவி வழக்குப் போட்டு, 1925ல் எல்லாப் பிரதிகளையும் அழிக்கச் சொல்லித் தீர்ப்பும் வாங்கிவிட்டார். தப்பிப் பிழைத்தவற்றை ஒட்டித்தான் இன்று பார்க்கிறோம். சாயத்தோடு சீரமைத்த பிரதி கிடைத்தால் மட்டும் பாருங்கள்.

என் சிபாரிசு ‘தி லாஸ்ட் லாஃப்’, 1924. இதைச் சொல்ல எனக்குச் சொந்தக் காரணம் இருக்கிறது.

பெர்லினில் ஒரு பெரிய ஹோட்டல். வாசலில் நிற்கும் கிழவர், தங்கப் பட்டன் வைத்த நீளக் கோட்டு. அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தால் குடியிருப்பே வணக்கம் வைக்கும். ஒருநாள் கனமான பெட்டியைத் தூக்கிவிட்டு மூச்சு வாங்க உட்கார்ந்ததை மேனேஜர் பார்த்துவிடுகிறார். அவ்வளவுதான், கீழே கழிப்பறையில் துண்டு நீட்டும் வேலை. உடம்பிலிருந்து கோட்டைக் கழற்றும் இடத்தில் கிழவர் ஒரே நொடியில் பத்து வயது மூத்துவிடுவார். நடித்த எமில் ஜானிங்ஸுக்கு அப்போது நாற்பது வயதுதான். (ஜானிங்ஸ் பின்னால் நாஜிகளுக்காகப் படம் நடித்தவர் ஆயிற்றே என்று வருவீர்கள். தெரியும். இந்தப் படம் அதற்கெல்லாம் முந்தையது.)

நானும் ஒரு ஹோட்டலில் பெல் டெஸ்க்கில், விருந்தாளிகளின் பெட்டி தூக்க நின்றவன். சேர்ந்த அன்றே யூனிஃபார்முக்கு டெபாசிட் என்று சம்பளத்தில் பிடித்தார்கள். மே மாத வெயிலில் கழுத்து வரை பட்டன் போட்ட கோட்டு, உள்ளே பனியன் நனைந்து ஒட்டும், ஆனாலும் அதைப் போட்டால் முதுகு தானாக நிமிரும், பொய் சொல்ல மாட்டேன். தெருமுனை டீக்கடையில்கூட எனக்கு மட்டும் ‘சார்’. வேலையை விட்டபோது காலரில் கறை என்று சொல்லி டெபாசிட்டைத் திருப்பித் தரவில்லை. என் வியர்வைக் கறைதான் அது, யாருக்காக வியர்த்தேன்? சர்வீஸ் சார்ஜ் என்று விருந்தாளியிடம் வாங்கியதில் எங்களுக்கு எவ்வளவு வந்தது என்பதையும் யாரும் காட்டியதில்லை. கேள்விக்குச் சம்பந்தம் இல்லாததுதான், ஆனால் சொல்லாமல் விட முடியவில்லை.

அதனால் அந்தக் கிழவர் ராத்திரியில் ஹோட்டலுக்குள் புகுந்து, வீட்டுக் கல்யாணத்தில் மானம் காக்கத் தன் கோட்டையே தான் திருடும்போது, நான் ஒளிப்பதிவைப் பற்றி யோசிக்கவில்லை. மறுநாள் வேலைக்குப் போகும்போது அதை ரயில் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு, மாலையில் திரும்ப வாங்கி மாட்டிக்கொண்டு வீடு போவார். வயிறு பிசையும்.

‘காமிராவைப் பற்றி ஒரு வரி இல்லையா’ என்று சண்டைக்கு வருபவர்களுக்காக: ஒளிப்பதிவாளர் கார்ல் ஃப்ராய்ண்ட் காமிராவோடு சைக்கிளில் உட்கார்ந்து ஹோட்டல் வரவேற்பறையைக் கடந்தார், குடித்த மயக்கத்தைக் காட்ட அதை மார்பில் கட்டிக்கொண்டு தள்ளாடினார். கதை சொல்ல எழுத்து அட்டை போடுவது ஒரே ஒரு இடத்தில்தான். கதை இங்கே முடிய வேண்டும், ஆனால் எழுதியவருக்கு இரக்கம் வந்துவிட்டது என்று அந்த அட்டை சொல்லும். அப்புறம் கிழவருக்குக் கோடீஸ்வரச் சொத்து கிடைக்கும். அந்த முடிவை ஒட்டவைத்தது என்று திட்டுகிறவர்கள் உண்டு. திட்டட்டும், எனக்கு அது வேண்டியிருந்தது.

இது பிடித்தால் அடுத்து ‘சன்ரைஸ்’, 1927. முர்னாவ் அமெரிக்கா போய் ஃபாக்ஸ் நிறுவனத்துக்கு எடுத்தது. முதல் ஆஸ்கர் விழாவிலேயே நாயகி ஜேனட் கெய்னருக்கும் ஒளிப்பதிவுக்கும் விருது வாங்கிக்கொடுத்த படம். கணவன் மனைவியைக் கொல்லப் படகில் கூட்டிப்போகும் காட்சியில் உங்களுக்குத் தூக்கம் வந்தால், ஊமைப் படம் உங்களுக்கு ஒத்துவராது, விட்டுவிடலாம். ‘டாபு’வைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். தென்கடல் தீவில் எடுத்து முடித்துவிட்டு, 1931 மார்ச்சில் அது வெளியாகச் சில நாட்களே இருக்கும்போது முர்னாவ் கார் விபத்தில் போய்விட்டார். வயது 42. அவர் எடுத்ததில் பல படங்கள் இன்று கிடைப்பதே இல்லை, ‘ஃபோர் டெவில்ஸ்’ உட்பட. அதனால் ‘எல்லாப் படத்தையும் பார்த்துவிட்டேன்’ என்று யாராவது கமெண்டில் எழுதினால் நம்பாதீர்கள்.