பத்தாவது ஆட்டத்துக்கு முன்னால் ஏன் திருப்பி அனுப்புகிறார்கள்? – ஐஸ் ஹாக்கி கேள்வி பதில்

எங்கள் என்.எச்.எல். (வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹாக்கி லீக்) அணி, இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் முதல் சுற்றில் எடுத்த 18 வயதுப் பையன் ஒன்பது ஆட்டம் ஆடினான். இரண்டு கோல், மூன்று அசிஸ்ட் (கோலுக்கு வழிசெய்த பாஸ்). அவனைப் போய் ஜூனியருக்கு (பதின்வயதினர் லீகுக்கு) திருப்பி அனுப்பிவிட்டார்கள். பணத்தை மிச்சம் பிடிக்கத்தானே?

பணமும் ஒரு காரணம். அது மட்டுமே காரணம் என்றால் உங்கள் கோபம் நியாயமானது.

18 முதல் 21 வயதுக்குள் கையெழுத்திடுபவருக்கு என்.எச்.எல். அணி தருவது மூன்று ஆண்டு அறிமுக ஒப்பந்தம். 2024, 2025 டிராஃப்டில் வந்தவர்களுக்கு அதில் ஆண்டுக்கு அதிகபட்சம் 975,000 டாலர். சாதனை போனஸ் தனி. 18 அல்லது 19 வயதில் ஒரு பருவத்தில் பத்து ஆட்டத்துக்குக் குறைவாக ஆடினால் அந்த ஆண்டு கணக்கில் ஏறாது, மூன்று ஆண்டும் அப்படியே அடுத்த பருவத்துக்குத் தள்ளிப்போகும். 18 வயதில் கையெழுத்திட்டவருக்கு இப்படி இரண்டு முறை தள்ளலாம். பத்தாவது ஆட்டத்தில் அவர் பனியில் இறங்கிவிட்டால் முதல் ஆண்டு ஓடத் தொடங்கிவிடும்.

அதோடு முடியவில்லை. 11 ஆட்டம் ஆனால் வெய்வர்ஸ் விலக்கு சுருங்கும் (அதைப் பிறகு சொல்கிறோம்). 40 ஆட்டங்களுக்கு அணிப் பட்டியலில் இருந்தால் ஒரு முழுப் பருவம் சேர்ந்ததாகக் கணக்கு. அப்படி ஏழு பருவம் சேர்ந்தாலோ 27 வயது ஆனாலோ, ஒப்பந்தம் முடிந்ததும் அவர் எந்த அணிக்கும் போகலாம். இந்த 40-இல் ஆடாமல் வெளியே உட்கார்ந்த ஆட்டங்களும் சேரும். பல ரசிகர்களுக்கு இது தெரிவதில்லை. சில நேரம் அணி நிர்வாகங்களே இதை மறந்துவிட்டனவோ என்று தோன்றும்.

எங்களைப் பொறுத்தவரை எண்ணிக்கையைவிட நிமிடங்களைப் பார்க்க வேண்டும். நான்காவது வரிசையில் எட்டு, ஒன்பது நிமிடம், பவர் பிளே (எதிரணியில் ஒருவர் தண்டனையில் வெளியே இருக்கும் நேரம்) கிடையாது என்றால் அவர் அங்கே வளரப்போவதில்லை. ஜூனியரில் இருபது நிமிடம் ஆடுவார், கடைசி நிமிடத்தில் ஒரு கோல் முன்னிலையைக் காக்கும் பொறுப்பும் அவருக்கு வரும். ஒன்பது ஆட்டத்தில் கோலும் அசிஸ்டுமாக எடுத்த ஐந்து புள்ளிகளை வைத்தும் முடிவெடுக்கக் கூடாது. பலகைச் சுவர் ஓரத்தில் பக் எனும் ரப்பர் வட்டைப் பறிக்கும்போது முதலில் உடம்பை இடையில் நுழைப்பது யார், பக் வரும் முன் தலையைத் திருப்பிப் பார்க்கிறாரா, மூன்றாவது பீரியடில் ஷிஃப்ட் (ஒருமுறை பனியில் இறங்கி ஆடும் நேரம்) 45 நொடியைத் தாண்டும்போது கால்கள் நிற்கின்றனவா, இந்த மூன்றையும் கவனியுங்கள். இவற்றில் தேறி, சம பலத்தில் (இரு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் ஆடும்போது) 14 நிமிடம் பயிற்றுநர் நம்பி இறக்குகிறார் என்றால், ஒப்பந்த ஆண்டு போனால் போகட்டும், வைத்துக்கொள்ளலாம். பத்தாவது ஆட்டத்தைத் தாண்டவிட்டு, பிறகு வாரத்துக்கு இரண்டு ஆட்டம் கோட்டு சூட்டோடு மேலே உட்காரவைப்பதுதான் மன்னிக்க முடியாதது. அதில் ஒப்பந்த ஆண்டும் போகிறது, பையனின் ஒரு வருட ஆட்டமும் போகிறது.

ஜூனியர் அவனுக்கு மிக எளிது, என்.எச்.எல். மிகக் கடினம். இடையில் இருக்கும் ஏ.எச்.எல்.-க்கு (என்.எச்.எல். அணிகளின் கீழணிகள் ஆடும் லீக்) ஏன் அனுப்பவில்லை?

அனுப்ப முடியாது. கனடிய ஜூனியர் லீகுகளான ஓ.எச்.எல்., டபிள்யூ.எச்.எல்., கியூபெக் லீக் மூன்றிலிருந்தும் டிராஃப்ட் செய்யப்பட்டவர் 20 வயதாகும் முன் என்.எச்.எல்.-இல் இல்லையென்றால் தன் ஜூனியர் அணிக்கே திரும்ப வேண்டும் என்பது இரு தரப்பு உடன்பாடு. ஐரோப்பாவிலிருந்து எடுக்கப்பட்டவருக்கு இந்தத் தடை இல்லை. 18 வயதிலேயே ஏ.எச்.எல்.-இல் ஆடலாம். 2026-27 பருவத்திலிருந்து வரும் புதிய தொழிலாளர் ஒப்பந்தத்தில், அணிக்கு ஒருவர் என்ற அளவில் 19 வயதினரை ஏ.எச்.எல்.-க்கு விட வழி செய்திருக்கிறார்கள். வரவேற்க வேண்டிய மாற்றம். ஜூனியரில் இரண்டு ஆண்டு ஆட்சி செய்தவர் மூன்றாவது ஆண்டில் கெட்ட பழக்கங்களைத்தான் கற்கிறார்: எதிரணிப் பகுதி தொடங்கும் நீல நிறக் கோட்டைத் தாண்டியதும் மூன்று பேரைத் தனியாகக் கடக்கப் பார்ப்பது, பக் போனால் திரும்பி ஓடாமல் நிற்பது. பெரியவர்கள் ஆட்டத்தில் இரண்டும் எதிரணிக்கு கோலாகும்.

2025-26-க்கு முன்பெல்லாம் ஆட்டம் இல்லாத நாளில் ஒரு இளம் ஆட்டக்காரரைக் கீழே அனுப்புவார்கள், அங்கே ஆடாமலே மறுநாள் திரும்ப அழைப்பார்கள். அது என்ன விளையாட்டு?

கணக்கு விளையாட்டு. அணிப் பட்டியலில் அதிகபட்சம் 23 பேர். ஒரு ஆட்டத்துக்கு உடை அணிபவர்கள் 18 ஸ்கேட்டர்கள், 2 கோலிகள் (கோல் காப்பவர்கள்). 2025-26 பருவத்துக்கான சம்பள உச்சவரம்பு 95.5 மில்லியன் டாலர். ஆனால் இந்த வரம்பு ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கப்படுவதில்லை, நாள்தோறும் கணக்கிடப்படுகிறது. பருவம் ஏறக்குறைய 190 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 950,000 டாலர் ஒப்பந்தக்காரர் ஒரு நாள் பட்டியலில் இருந்தால் அந்த வரம்பில் 5,000 டாலர் இடம் போகும். ஆட்டமில்லாத 40 நாள்களில் அவரைக் கீழே காட்டினால் 200,000 டாலர் இடம் மிச்சமானது.

மிச்சமாகும் இடம் எங்கே பயன்படும் என்றால், வர்த்தகக் காலக்கெடு (அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளும் கடைசி நாள்) வாரத்தில். பருவம் முழுக்க ஒரு மில்லியன் இடத்தைக் காலியாக வைத்திருந்த அணி, 40 நாள் மிச்சமிருக்கும்போது ஆண்டுக்கு 4.75 மில்லியன் வாங்கும் ஒருவரைச் சேர்க்கலாம் (1 மில்லியனை 190-ஆல் பெருக்கி 40-ஆல் வகுத்தால் வரும் எண்). விற்கும் அணி பாதிச் சம்பளம்வரை தானே ஏற்றுக்கொள்ளவும் விதி இடம் தருகிறது. காலக்கெடுவுக்குப் பிறகு 23 பேர் என்ற எல்லையும் நீங்கிவிடும்.

அந்த வழக்கத்தில் இளைஞருக்கு நேர்ந்த கேடு உண்டு. காகிதத்தில் மட்டும் கீழே போய், உண்மையில் எங்கும் ஆடாமல் ஓட்டலில் இருந்தவர் இரண்டு பக்கமும் இழந்தார். கீழே அனுப்பினால் அங்கே அன்றிரவு ஆட்டம் இருக்க வேண்டும். கீழணியை ஒரே ஊரில் அல்லது காரில் போய்வரும் தூரத்தில் வைத்திருக்கும் அணிகளுக்கு இதில் பெரிய அனுகூலம். டொரோண்டோ மேப்பிள் லீஃப்ஸும் மார்லீஸும் ஒரே நகரத்தில் இருப்பது அப்படித்தான்.

என் மகனுக்கு 15 வயது, டிஃபென்ஸ் ஆடுகிறான். கோடையில் எதில் நேரம் செலவிட வேண்டும்? மேஜர் ஜூனியரா, அமெரிக்கக் கல்லூரியா என்ற முடிவை இப்போதே எடுக்க வேண்டுமா?

இரண்டாவதற்கு முதலில் பதில்: வேண்டாம். முன்பெல்லாம் மேஜர் ஜூனியரில் (மேலே சொன்ன மூன்று கனடிய லீகுகளில்) ஆடினால் கல்லூரி வாசல் மூடிவிடும். 2025 ஆகஸ்ட் முதல் அந்த விதி போய்விட்டது. கனடிய ஜூனியர் அணியான மெடிசின் ஹாட்டில் ஆடிய கேவின் மெக்கென்னா பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போனது இதனால்தான். ஆகவே 16, 17 வயதில் ஜூனியரில் ஆடிவிட்டு 18-இல் கல்லூரிக்குப் போகலாம். ஓ.எச்.எல்.-இல் பருவத்துக்கு 68 ஆட்டம். கல்லூரியில் அதில் ஏறக்குறைய பாதி, பெரும்பாலும் வார இறுதியில். உடம்பு இன்னும் மெலிந்திருக்கும் பையனுக்குக் கல்லூரியின் பயிற்சி நாள்களும் எடைப்பயிற்சியும் நல்லது. உடம்பு தேறியவனுக்கு ஆட்ட எண்ணிக்கை நல்லது.

கோடைக்கு வருவோம். டிஃபென்ஸ் ஆடுபவருக்கு மிகப் பெரிய சோதனை, பின்மூலையில் கிடக்கும் பக்கை எதிராளி துரத்தி வர எடுத்துத் திரும்புவது. பக்கைத் தொடும் முன் இடது தோள், வலது தோள் இரண்டு பக்கமும் ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும். பயிற்சியில் பின்னால் ஒருவர் விரல்களைக் காட்ட, மகன் பக்கைத் தொடும் முன் அந்த எண்ணைச் சொல்லட்டும். எண் சொல்லாமல் பக்கைத் தொட்டால் அந்த முறை செல்லாது. ஒரு பக்கத்துக்குப் பத்து முறை, இரண்டு மூலையிலும். பெரும்பாலானவர்கள் தமக்கு வசதியான முன்கைப் பக்கத்திலேயே திரும்புவார்கள். பின்கைப் பக்கத்துக்கு இரண்டு மடங்கு முறை கொடுங்கள்.

சிறு இடத்தில் இருவருக்கு இருவர் ஆட்டம்: 30 நொடி வேலை, 90 நொடி ஓய்வு. ஓய்வைக் குறைத்தால் பார்க்கக் கடுமையாகத் தெரியும், ஆனால் கால் களைத்து வேகம் குறைந்து, மெதுவாக ஆடத்தான் பழகும். நீல நிறக் கோட்டிலிருந்து ஷாட் அடிப்பதை நின்ற இடத்தில் நூறு முறை செய்வதால் பயன் குறைவு. ஓரமாக மூன்று அடி நகர்ந்து, தடுப்பவரின் காலுக்கு வெளியே பாதை திறந்ததும் தாழ்வாக அடிக்கட்டும்.

ஆண்டு முழுவதும் பனியிலேயே விடாதீர்கள். தொடைக்கும் இடுப்புக்கும் ஆறு முதல் எட்டு வாரம் ஸ்கேட் இல்லாத காலம் தேவை. வேறு ஏதாவது ஓடி ஆடும் விளையாட்டு ஆடட்டும். வேகமாக உயரும் மாதங்களில் இடுப்பு, கவட்டை வலியை 'வளர்ச்சி வலி' என்று தள்ளிவிட வேண்டாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.

பிறந்த தேதியையும் பாருங்கள். டிராஃப்டுக்கான எல்லை செப்டம்பர் 15. 1997 செப்டம்பர் 17-இல் பிறந்த ஆஸ்டன் மாத்யூஸ் இரண்டு நாளில் 2015 டிராஃப்டைத் தவறவிட்டார்; அந்த ஆண்டைச் சுவிட்சர்லாந்தில் பெரியவர்களோடு ஆடிக் கழித்து, 2016-இல் முதலாவதாக எடுக்கப்பட்டார். உங்கள் மகன் ஆண்டுக் கடைசியில் பிறந்தவன் என்றால், அவனை ஜனவரிப் பையன்களோடு ஒப்பிட்டு மனம் உடைய வேண்டாம். 15 வயதில் பத்து மாத வித்தியாசம் உடம்பில் மிகப் பெரியது.

நல்ல இளம் ஆட்டக்காரர்களை அணிகள் சும்மா இழப்பது எப்படி?

இரண்டு ஓட்டைகள். ஒன்று வெய்வர்ஸ். விலக்குக் காலம் முடிந்த ஒருவரை ஏ.எச்.எல்.-க்கு அனுப்ப வேண்டுமானால் முதலில் மற்ற 31 அணிகளுக்கும் காட்ட வேண்டும்; 24 மணி நேரத்துக்குள் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். 18 வயதில் கையெழுத்திட்ட ஸ்கேட்டருக்கு விலக்கு 5 பருவம் அல்லது 160 ஆட்டம், 20 வயதுக்காரருக்கு 3 பருவம் அல்லது 160, 21 வயதுக்காரருக்கு 3 பருவம் அல்லது 80. எது முதலில் வருகிறதோ அதுவரை. 18, 19 வயதில் 11 ஆட்டம் ஆடிவிட்டால் அந்தப் பருவத்தோடு சேர்த்து மூன்றே பருவம்.

தவறு நடப்பது செப்டம்பர் முகாமில் அல்ல, அதற்கு இரண்டு ஆண்டு முன்பே. ஒரே வயதில் நான்கு விங்கர்களுக்கு ஒரே பருவத்தில் விலக்கு முடிகிறது, பட்டியலில் இடம் இரண்டுதான் என்றால், மீதி இருவரில் ஒருவரை முந்தைய கோடையிலேயே வர்த்தகம் செய்திருக்க வேண்டும். அப்போது அவருக்கு ஒரு டிராஃப்ட் தேர்வாவது கிடைக்கும். அக்டோபரில் எல்லோருக்கும் உங்கள் நெருக்கடி தெரியும். சும்மா கிடைப்பதற்கு யாரும் விலை தரமாட்டார்கள்.

இரண்டாவது ஓட்டை, எதிரணியின் ஒப்பந்தச் சலுகை: ஒப்பந்தம் முடிந்த இளைஞருக்கு வேறு அணி ஒப்பந்தம் நீட்டும்; சொந்த அணி அதே தொகையைத் தராவிட்டால் டிராஃப்ட் தேர்வுகளை வாங்கிக்கொண்டு அவரை விட வேண்டும். 2024 ஆகஸ்டில் செயின்ட் லூயிஸ் புளூஸ், எட்மன்டன் ஆயிலர்ஸின் பிலிப் புரோபெர்க்குக்கு ஆண்டுக்கு சுமார் 4.58 மில்லியன், டிலன் ஹாலோவேக்கு சுமார் 2.29 மில்லியன் என்று இரண்டாண்டு ஒப்பந்தம் நீட்டியது. ஈடுசெய்ய எட்மன்டனுக்கு ஏழு நாள் இருந்தது. ஆனால் அதற்கு முன்பே பணத்தை மூத்த ஆட்டக்காரர்களுக்குக் கட்டிவிட்டார்கள். 2019-இல் 8-ஆவதாகவும் 2020-இல் 14-ஆவதாகவும் எடுத்த இருவரும் ஒரு இரண்டாம் சுற்று, ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வுக்குப் போனார்கள். ஹாலோவே அடுத்த பருவத்திலேயே 63 புள்ளி எடுத்தார். அறிமுக ஒப்பந்தம் முடியும் ஆட்டக்காரர்களோடு ஜூலை 1-க்கு முன் பேசி முடியுங்கள். முடியவில்லை என்றால் அந்தச் சலுகையை ஈடுகட்டும் அளவுக்காவது இடத்தைக் காலியாக வையுங்கள்.

50 ஒப்பந்த வரம்பு என்கிறார்களே, அது முக்கியமா?

ஆம். மேலணி, கீழணி எல்லாம் சேர்த்து ஒரு அணி 50 ஒப்பந்தம்தான் வைத்திருக்கலாம். தள்ளிப்போகும் ஒப்பந்தத்தோடு ஜூனியருக்குத் திரும்பியவர்கள் இதில் சேரமாட்டார்கள். பருவத் தொடக்கத்தில் 46, 47-இல் நிற்பது நல்லது; மார்ச்சில் கல்லூரிப் பருவம் முடிந்து வருபவர்களுக்கு இடம் வேண்டும்.

எங்கள் கோலிக்கு 22 வயது, இன்னும் ஏ.எச்.எல்.-இல்தான். கைவிட்டுவிட்டார்களா?

இல்லை. 22 வயது கோலி ஏ.எச்.எல்.-இல் 40 ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தால் எல்லாம் சரியாகப் போகிறது. கானர் ஹெலபக் 2012-இல் 130-ஆவதாக எடுக்கப்பட்டார். இரண்டு ஆண்டு கல்லூரி, பிறகு 2014-15-இல் ஏ.எச்.எல்.-இல் 58 ஆட்டம், அதன் பிறகே வினிபெக். 2025-இல் லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருதே அவருக்கு வந்தது.

கவலைப்பட வேண்டியது வேறு நிலைமைக்கு: மேலணியில் இரண்டாவது கோலியாக மாதத்துக்கு இரண்டு ஆட்டம் கிடைப்பது. கோலிக்குப் பயிற்சியில் வரும் ஷாட்டுகள் ஆட்டத்தின் ஷாட்டுகள் அல்ல. பயிற்சியில் அடிப்பவர் பாஸ் கொடுப்பாரா என்று சந்தேகப்பட வேண்டியதில்லை. அதனால் ஷாட்டை மட்டும் எதிர்பார்த்து முன்கூட்டியே முட்டியிட்டு விழும் பழக்கம் வந்துவிடும். ஆட்டத்தில் எதிராளி ஒரு நொடி காத்திருந்து மேல்மூலையில் அடிப்பார், அல்லது குறுக்கே பாஸ் கொடுப்பார். ஏ.எச்.எல்.-இல் ஏற்கெனவே இரண்டு கோலி இருந்து இடம் இல்லையென்றால், உட்காரவைப்பதைவிட அதற்கும் கீழே உள்ள லீகான ஈ.சி.எச்.எல்.-க்கு அனுப்பி வாரம் மூன்று ஆட்டம் ஆடவிடுவதே சரி. அதைத் தண்டனை என்று பத்திரிகைகள் எழுதும். உங்கள் கோலிக்கு அன்று கிடைப்பது முப்பது ஷாட்டுகள்.